இரண்டு முனையிலிருந்தும் ஊற்றிய உத்திரம்

1

இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. ஸ்கூடாய் சாலையில், வேலை முடிந்து எல்லோரும் வீடு திரும்பும் நெரிசலில், அது எனக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தது. நீண்ட டிரெய்லர் ஒன்று. அதன் மேல் ஒரே ஒரு கான்கிரீட் உத்திரம், வாலில் சிவப்புத் துணி. வண்டிகள் நகராததால் நன்றாகப் பார்க்க நேரம் கிடைத்தது. அவ்வளவு நீளமான உத்திரம் அவ்வளவு ஒல்லியாக இருக்கலாமா? அதன் நடுச்சுவர் ஒரு சாண்கூட இல்லை. இதன் மேல் லாரி ஓடுமா?

பக்கத்து வீட்டு சோமசேகரத்தின் மகள் தர்மினியிடம் கேட்டேன். லாயாங் லாயாங் என்ற ஊரைத் தாண்டி, செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் ஓர் ஆலையில் அவள் பொறியாளர். அங்கே இத்தகைய உத்திரங்களைத்தான் வார்க்கிறார்கள்.

"அதுவா அங்கிள்? யூ.எச்.பி.சி. சாதா கான்கிரீட்டுக்குத் தூரத்துச் சொந்தம். ஆனா ரொம்பப் பணக்காரச் சொந்தம்" என்றாள்.

ஒரு கட்டுரை எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். மூன்றாவது பத்தியில் வாசுகி வந்துவிட்டாள். அவளைப் பிறகு அறிமுகப்படுத்துகிறேன். முதலில் அந்தக் கட்டுரையில் மிச்சமானதைக் கொடுத்துவிட வேண்டும்.

2

(கதை மட்டும் போதும் என்பவர்கள் இந்தப் பகுதியைத் தாவலாம். தாவினால் வாசுகி எதற்காகக் கத்தினாள் என்று தெரியாது.)

ஒரு பீப்பாயை டுரியான் பழங்களால் நிரப்புங்கள். நிரம்பியது போலத் தெரியும், ஆனால் உள்ளே பாதி காற்று. இடுக்குகளில் மங்குஸ்தீனைப் போடலாம், அதன் இடுக்குகளில் பச்சைப் பயறை, அதற்கும் மிஞ்சியதில் அரிசி மாவை. சாதாரணக் கான்கிரீட் இப்படிப்பட்ட ஒரு பீப்பாய்தான்: ஜல்லி, மணல், சிமெண்ட், தண்ணீர். எவ்வளவு நிரப்பினாலும் சிறு ஓட்டைகள் மிஞ்சும். தேவைக்கு மேல் ஊற்றிய தண்ணீர் வெளியேறிய இடமும் ஓட்டையாகும். கான்கிரீட்டின் பலவீனம் பெரும்பாலும் அந்த ஓட்டைகளில்தான் இருக்கிறது.

யூ.எச்.பி.சி. என்கிற மீஉயர் செயல்திறன் கான்கிரீட்டைக் கண்டுபிடித்தவர்கள் டுரியானையே தூக்கி எறிந்தார்கள். ஜல்லி கிடையாது. நுண்மணல், சிமெண்ட், அதைவிடப் பல மடங்கு நுண்ணிய சிலிக்காத் தூள், இவற்றுடன் மிகக் குறைந்த தண்ணீர். நம் ஊர் வெயிலுக்கு அந்தத் தண்ணீரிலும் ஒரு பகுதியைப் பனிக்கட்டியாகப் போடுகிறார்கள். கலவை இயந்திரத்துக்குள் நீண்ட நேரம் வெறும் தூள்தான் சுற்றும். பார்ப்பவருக்குக் கை பரபரக்கும், இன்னொரு வாளி ஊற்றலாமே என்று. ஊற்றக் கூடாது. தண்ணீரைச் சிக்கனமாகப் பயன்படுத்த வைக்கும் ஒரு திரவத்தை ஏற்கெனவே சேர்த்திருக்கிறார்கள். அது வேலை செய்யக் காத்திருக்க வேண்டும். தூள் புட்டு மாவு போலப் பிடிபடும். பிறகு, ஒரு துளிகூடத் தண்ணீர் சேர்க்காமலே, சட்டென்று தோசை மாவாகிவிடும். அந்தக் கணத்தைத் தர்மினி தன் கைப்பேசியில் காட்டினாள். நான் ஐந்தாறு முறை போட்டுப் பார்த்தேன்.

அந்த மாவில் எஃகு இழைகளைத் தூவுவார்கள். சுண்டுவிரல் நக நீளம், ஊசியைவிட மெல்லிசு. உத்திரத்தின் நீளவாட்டில் முறுக்கிய எஃகு வடங்களை இழுத்துக் கட்டியிருப்பார்கள். குறுக்குக் கம்பிகள் மட்டும் இருக்காது. குறுக்காக எழும் விரிசலைத் தைத்துப் பிடிக்கும் வேலை அந்த இழைகளுடையது. உத்திரம் ஒல்லியாக இருப்பதன் ரகசியம் இதுதான்.

இழைகளுக்கு ஒரு குணம் உண்டு. ஆற்றில் போகும் குச்சிகளைப் போல, மாவு ஓடும் போக்குக்கு ஏற்ப அவை படுக்கும். ஆகவே ஒரு முனையில் ஊற்றத் தொடங்கி, மறு முனைவரை நிறுத்தாமல் ஓடவிட வேண்டும். இரு முனைகளிலிருந்தும் ஊற்றினால் இரண்டு ஓட்டங்கள் நடுவில் எங்கேயோ முட்டிக்கொள்ளும். முட்டுமே தவிரக் கலக்காது. இந்தப் பக்கத்து இழை அந்தப் பக்கம் போகாது. அந்த ஓரிடத்தில் மட்டும் தையல் இல்லை.

நானும் இந்தக் கதையின் தொடக்கத்தையும் முடிவையும் முதலில் எழுதிவிட்டு, நடுவில் இரண்டும்

(தர்மினி படித்துவிட்டு, "அத எழுதாதீங்க அங்கிள். படிக்கிற எல்லாருக்கும் அது தானா தோணும்" என்றாள். விட்டுவிட்டேன்.)

3

மழை வரும் போலிருந்தது. வாசுகி வானத்தை அண்ணாந்து பார்த்தபடி

("ஷெட்டுக்குள்ள எப்படி வானம் தெரியும்?")

வாசுகியின் கண்களில் அன்று ஏதோ ஒரு

("அவங்க கண்ணுல சேஃப்டி கண்ணாடிதான் இருக்கும்.")

சரி, நேராகவே சொல்கிறேன். வாசுகி அந்த ஆலையில் வார்ப்புப் பிரிவின் மேற்பார்வையாளர். சிகாமட் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தவள். அவளுடைய தங்கை லோஷினி இன்னமும் அங்கேதான் இருக்கிறாள், பள்ளி வேன் ஓட்டுகிறாள். போன வெள்ளத்தில் அங்கிருந்த மரப்பாலம் போய்விட்டது. அன்றிலிருந்து லோஷினி பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு, தோட்டத்தைச் சுற்றி மண்பாதையில் போகிறாள். மழை நாளில் அந்தப் பாதையும் முழுகும். பிள்ளைகள் வீட்டில் இருந்துவிடுவார்கள். புதிய பாலத்துக்கான உத்திரங்கள் வாசுகியின் ஆலையில் வார்க்கப்படுகின்றன. மிச்சம் ஒன்றே ஒன்று. மழைக்காலத்துக்கு முன் அது போய்ச் சேர வேண்டும். ஆறு ஏறிவிட்டால் கிரேன் கரையில் நிற்க முடியாது.

அந்தக் கடைசி உத்திரத்தை வார்க்கும்போது இடி இடித்தது. மின்சாரம் போனது. அச்சில் பாதி நிரம்பியிருந்தது. வாசுகி ஜெனரேட்டர் அறைக்கு ஓடினாள். அவள் திரும்பி வந்தபோது கலவை இயந்திரம் மறுபடி ஓடிக்கொண்டிருந்தது, ஊற்றும் தொட்டி அச்சின் மறு முனைக்கு மேலே நின்றது. அதை இயக்கிக்கொண்டிருந்தவன் அவள் பிரிவு ஊழியன் ரூபேந்திரன்.

"ரூபன்! எங்க ஊத்துற?"

"அந்தப் பக்கம் மேல தோல் கட்டிருச்சுக்கா. இந்தப் பக்கம் காலியாத்தானே இருக்கு, அதான்."

"நிறுத்து! நிறுத்துன்னு சொல்றேன்ல!"

"அலமாக்... ஏங்க்கா?"

அவள் காரணம் சொல்லி முடிப்பதற்குள் இரண்டு ஓட்டங்களும் முட்டிவிட்டன.

[ரூபேந்திரன் பற்றி: முதல் பிரதியில் அவன் கைப்பேசி நோண்டும் சோம்பேறியாக இருந்தான். தர்மினி கோபப்பட்டாள். "தப்பு நடக்கணும்னா ஒருத்தன் கெட்டவனா இருக்கணுமா?" திருத்தினேன். ரூபேந்திரன் இதற்குமுன் சாக்கடைக் கால்வாய்கள் வார்க்கும் இடத்தில் இருந்தவன். அங்கே எங்கே பள்ளமோ அங்கே ஊற்ற வேண்டும், அதிர்வுக் குழாயை விட்டுக் கலக்க வேண்டும். அதில் அவன் கெட்டிக்காரன். அந்தக் கெட்டிக்காரத்தனத்தைத்தான் அன்றும் காட்டினான். உத்திரத்தைக் காப்பாற்றுவதாக நினைத்தான்.]

4

அச்சைப் பிரித்தபோது உத்திரம் அழகாக இருந்தது.

இதுதான் சிக்கல். விரிசலோ ஓட்டையோ தெரிந்திருந்தால் எனக்கும் கதை இல்லை. அந்த இடத்தில், குனிந்து பார்த்தால், தலைமுடி விழுந்தது போல ஒரு கோடு. சோதனைக்காகத் தனியே வார்த்த கனசதுரங்களை நசுக்கிப் பார்த்தார்கள். பிரமாதமான வலிமை. அவை தனி அச்சில் வார்த்தவை. உத்திரத்துக்கு நடுவில் நடந்தது அவற்றுக்குத் தெரியாது.

தெரிந்தது வாசுகிக்கும் ரூபேந்திரனுக்கும். சொன்னால் உத்திரம் நிராகரிக்கப்படும். புதிதாக வார்த்து, நீராவியில் வேகவைத்து, கொண்டுபோவதற்குள் ஆறு ஏறிவிடும். இன்னொரு மழைக்காலம் அந்தப் பிள்ளைகள் வீட்டில் இருப்பார்கள்.

அன்று மதியச் சாப்பாட்டு வேளையில் லோஷினி அழைத்தாள்.

"பாலம் எப்பக்கா? வேன்ல ஏறினதும் இதே கேள்வி. எங்கக்காதான் செய்யறான்னு வாய விட்டுட்டேன், இப்ப என் மானம் போகுது."

"வரும் லா."

"இததான் ரெண்டு மாசமா சொல்ற. மாவ உரல்ல போட்டு ஆட்டுறியா?"

வாசுகி சிரித்தாள். சிரித்து முடித்த பிறகு சோறு இறங்கவில்லை.

5

முடிவு அ: வாசுகி சொல்லவில்லை. உத்திரம் போகிறது. பாலம் திறக்கிறது. லோஷினியின் வேன் அதன் மேல்

இதை என்னால் எழுத முடியவில்லை. அந்தப் பாலம் நூறாண்டு நின்றாலும், ஒவ்வொரு முறை வேன் ஏறும்போதும் நீங்களும் நானும் அந்தக் கோட்டைத்தான் பார்த்துக்கொண்டிருப்போம். வாசுகியும்தான்.

முடிவு ஆ: வாசுகி சொல்கிறாள். உத்திரத்தை உடைக்கிறார்கள். வெள்ளம் வருகிறது. நேர்மைக்கு ஒரு கைதட்டல், பிள்ளைகள் வீட்டில். எழுதிப் பார்த்தேன், ஒரு பக்கம் வந்தது. படிக்கவே சலிப்பாக இருந்தது.

இரண்டையும் தர்மினியிடம் காட்டினேன்.

"மறைக்கிறது, உடைக்கிறது. ரெண்டுதானா உங்களுக்கு?"

"வேற என்ன இருக்கு?"

"அந்த உத்திரத்தையே கேக்கலாமே அங்கிள். ரெண்டு தாங்கிக்கு மேல வெச்சு, மேல பாரம் ஏத்தி."

"ஏத்தினா தெரிஞ்சுடுமா?"

"பாலத்துல ஓடற வண்டிய விட ஜாஸ்தியா ஏத்துவோம். விரிசல் விட்டா, பை பை. விடலன்னாலும் நானா சரின்னு சொல்ல மாட்டேன். கோட்டுப் பக்கத்துல துளை போட்டு ஒரு துண்டு எடுத்துப் பாக்கணும், வடிவமைச்சவங்க கணக்கு போட்டுப் பாக்கணும். ஆனா மொதல்ல ஒருத்தர் வந்து எங்கிட்ட சொல்லணும். அது இல்லாம எதுவும் நடக்காது."

"'எங்கிட்ட'வா?"

"அந்தக் கதையில இஞ்சினியரே இல்லயே அங்கிள். யார்கிட்ட போய்ச் சொல்லுவாங்க அவங்க?"

உண்மைதான். ஆகவே தர்மினியைக் கதைக்குள் அழைத்துக்கொண்டேன். சம்பளம் உண்டா என்று கேட்டாள். ஒரு தே தாரிக் தேநீர் வாங்கித் தருவதாகச் சொல்லியிருக்கிறேன்.

6

வாசுகி தர்மினியின் அறைக் கண்ணாடிக் கதவைத் தட்டிவிட்டு உள்ளே வந்தாள். ரூபேந்திரனும் பின்னாலேயே வந்தான்.

"நீ எதுக்கு வர்ற? நான் சொல்லிக்கிறேன்" என்றாள் வாசுகி.

"ஊத்தினது நான்க்கா."

"அப்ப நீயே சொல்லு."

"நீங்களே சொல்லுங்கக்கா."

கதைக்குள் இருந்த தர்மினி சிரித்துவிட்டாள். பிறகு முழுவதும் கேட்டாள். கோடு எங்கே என்று கேட்டாள். இறுதியில், "இன்னிக்கே அச்ச சுத்தம் பண்ணச் சொல்லுங்க. இது தேறினாலும் தேறாட்டியும் அடுத்தது வார்க்கத் தயாரா இருக்கணும்" என்றாள்.

சோதனை நாள் காலையில் வாசுகி தங்கையை அழைத்து, நடந்ததையும் நடக்கப்போகும் சோதனையையும் சொன்னாள். சோதனை முடிந்தபிறகு சொல்லியிருக்கலாம். நானும் அப்படித்தான் முதலில் எழுதினேன். ஆனால் அவளுக்குப் பயம் உத்திரத்தைப் பற்றி மட்டுமல்ல, தங்கை என்ன சொல்வாளோ என்பதைப் பற்றியும்தான்.

"ஒடஞ்சா, பாலம் மழைக்கப்புறம்தான் லோஷி. நான்தான் போய்ச் சொன்னேன். சொல்லாம விட்டிருந்தா இந்நேரம் லாரி கெளம்பியிருக்கும்."

மறுமுனையில் லோஷினி வேனை ஓரமாக நிறுத்தும் சத்தம் கேட்டது. பிள்ளைகளில் யாரோ பாடிக்கொண்டிருந்தார்கள்.

"எவ்ளோ ஏத்துவீங்க?" என்று கேட்டாள் லோஷினி.

"உன் வேன் மாதிரி பல மடங்கு."

"நல்லா ஏத்து. கஞ்சத்தனம் பண்ணாத. ஒடயறதா இருந்தா அங்க ஒடயட்டும் லா, நான் மேல இருக்கப்பவா ஒடயணும்?" பிறகு, "பிள்ளைங்ககிட்ட என்ன சொல்ல?" என்றாள்.

"அக்கா பரீட்சை எழுதறான்னு சொல்லு."

"நீயா? ஃபெயிலுதான்" என்று சொல்லிவிட்டு லோஷினி அழைப்பை வைத்தாள். வாசுகி கைப்பேசியைப் பைக்குள் போட்டுவிட்டுத் தலைக்கவசத்தை மாட்டினாள். பல நாட்களுக்குப் பிறகு அன்றுதான் பசித்தது.

7

இனி சோதனை. பார்க்கத் தெரிந்தால்தான் அதன் பதற்றம் புரியும், கொஞ்சம் பொறுங்கள்.

உத்திரம் இரு தாங்கிகளின் மேல் கிடக்கிறது. கிரேன் கான்கிரீட் கட்டைகளை ஒவ்வொன்றாக அதன் மேல் இறக்குகிறது. அடியில் ஓர் அளவி, உத்திரம் எவ்வளவு தொய்கிறது என்பதைத் தள்ளி நிற்கும் திரைக்கு அனுப்புகிறது. தொய்வதில் தவறில்லை. பாரம் ஏறினால் நல்ல உத்திரமும் தொய்யும். கவனிக்க வேண்டியது அந்தத் தொய்வின் ஒழுங்கு. ஒவ்வொரு கட்டைக்கும் எண் ஒரே அளவு நகர்ந்தால் உள்ளே எல்லாம் பிடித்துக்கொண்டிருக்கிறது. எண் திடீரென்று தாவினால் எங்கேயோ ஏதோ திறந்துகொண்டது.

ரூபேந்திரன் திரைக்கு முன்னால் நின்று எண்ணை உரக்கப் படிக்கிறான். தர்மினி முந்தைய எண்ணைக் கழித்துப் பார்க்கிறாள். வாசுகி கோட்டைத் தொலைநோக்கியில் பார்த்துக்கொண்டே இருக்கிறாள்.

அதே அளவு. அடுத்த கட்டை. அதே அளவு. அடுத்தது. அதே.

"தாங்குதுக்கா" என்கிறான் ரூபேந்திரன்.

"வாய மூடிட்டு எண்ணப் படி."

கடைசிக் கட்டை கயிற்றில் தொங்குகிறது. அது இறங்க வேண்டிய இடம் கோட்டுக்கு நேர் மேலே. பக்கத்துக் கொட்டகையில் காலி அச்சைக் கழுவி எண்ணெய் பூசி வைத்திருக்கிறார்கள். உத்திரம் தேறினால் மேல்சோதனைகள் முடிந்து மழைக்கு முன் பாலம். தேறாவிட்டால் மழைக்குப் பின் பாலம். பாலம் உண்டு, அதை நான் எழுதித் தருகிறேன். எந்த மாதம் என்பதை மட்டும் எழுதாமல் விடுகிறேன். உண்மைத் தர்மினியிடம் கேட்டேன். "நான் இப்ப கதைக்குள்ள இருக்கேன், எனக்கு எப்படித் தெரியும்?" என்றுவிட்டாள்.

கிரேன் ஓட்டுநருக்கு இயந்திர இரைச்சலில் நாம் பேசுவது கேட்காது. கையசைவைத்தான் பார்ப்பார். வாசுகி தொலைநோக்கியை விட்டுக் கண்ணை எடுக்கமாட்டாள், மற்ற இருவரும் எண்ணில் இருக்கிறார்கள். கை காலியாக இருப்பவர் நீங்கள் ஒருவர்தான். கட்டையை இறக்கச் சொல்லும் சைகை எளிது. முதலில் யாரும் உத்திரத்தின் அருகில் இல்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள். கையைக் கீழே நீட்டுங்கள். சுட்டுவிரல் தரையைக் காட்டட்டும். அப்படியே சின்னச் சின்ன வட்டமாகச் சுற்றுங்கள்.

மெதுவாக. அவர் உங்களைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்.