இரட்டைமதகு ஏரியில் ஒரு கை

கோவிந்தசாமியின் வலது கை மணிக்கட்டோடு வெட்டுப்பட்டு இரட்டைமதகு ஏரியில் விழுந்த மறுநாள் காலையே, அது தண்ணீருக்கடியில் தன் வேலையைத் தொடங்கிவிட்டது. ஏரிக்குக் கிழக்கே புதூர், மேற்கே காட்டுக்கொல்லை. இரண்டு ஊரிலும் யாரும் இதைப் பெரிதாக வியக்கவில்லை. கை யாருடையது என்று எல்லோருக்கும் தெரியும், வெட்டியவன் காட்டுக்கொல்லை ஜோசுவா என்பதும் தெரியும். தப்பு யார் பக்கம் என்பதில்தான் இன்றுவரை இரண்டு பேச்சு.

அரசாங்கம் மானியம் கொடுக்கும் வரைக்கும் அந்த ஏரியில் கிழக்கு மீன், மேற்கு மீன் என்று எதுவும் கிடையாது. கோடையில் தண்ணீர் இறங்கியதும் பெரிய வலையை விரிப்பார்கள். ஒரு கயிற்றைப் புதூர் இழுக்கும், மறு கயிற்றைக் காட்டுக்கொல்லை இழுக்கும். வலையின் நடுவில் மீன் சேரும் பைக்கு மடி என்று பெயர். அதன் பின்னால் ஒருவன் முங்கி முங்கி வந்து, அடிக்கயிற்றைச் சேற்றோடு அழுத்திப் பிடிக்க வேண்டும், இல்லாவிட்டால் கீழே புகுந்து மீனெல்லாம் கம்பி நீட்டிவிடும். அந்த வேலை கோவிந்தசாமியுடையது. அவன் வலது கை அழுத்திய இடத்தில் ஒரு மீன் தப்பியதில்லை என்று எதிர்க்கரைக்காரனும் ஒப்புக்கொள்வான். அப்புறம்தான் மீன்வளத் துறையிலிருந்து எழிலரசி மேடம் ஜீப்பில் வந்து, இரண்டு ஊரும் ஒரே சங்கமாகச் சேர்ந்து ஏரியை நிர்வகித்தால் மீன்குஞ்சு, வலை, பரிசல், ஐஸ்பெட்டி எல்லாவற்றுக்கும் பாதிச் செலவுக்கு மேல் அரசாங்கமே போடும் என்றாள். "பிரிச்சி குடுக்க முடியாதுங்க. ஏரி ஒண்ணு, சங்கம் ஒண்ணு," என்றாள். இரண்டு ஊரும் தலையாட்டின. கோவிந்தசாமி தலைவர், ஜோசுவா செயலாளர். சேர்ந்தே இருந்தவர்களைச் சேர்த்து வைக்க அரசாங்கம் பணம் கொடுத்தது, அன்று முதல் அவர்கள் பிரிந்தார்கள்.

குஞ்சுகள் பிளாஸ்டிக் பைகளில் வந்து இறங்கின. பைகளை இரண்டு ஊரும் பாதிப் பாதியாகப் பிரித்துத் தத்தம் கரையில் விடுவது என்று பேச்சு. காட்டுக்கொல்லையில் வீட்டுக்கு ஒருவர் ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்புக்கு வேலைக்குப் போகிறவர். ஷாப்பில் யாருடைய தோல் என்று பிறகு தகராறு வராமலிருக்க ஓரத்தில் குறி குத்தித்தான் உள்ளே விடுவார்கள். அந்தப் பழக்கத்தில் ஊரே கரையில் உட்கார்ந்து, தன் பங்கில் ஒவ்வொரு குஞ்சாகக் கையிலெடுத்து, வாலில் பொடி ஓட்டை குத்தி ஏரிக்குள் விட்டது. உலகத்தில் வேறு யாருக்கும் தோன்றாத இந்த அறிவு அவர்களுக்குத் தோன்றியது. புதூர்க்காரர்கள் கரையில் நின்று வயிறு வலிக்கச் சிரித்தார்கள். அடுத்த கோடையில் வலை போட்டபோது யாரும் சிரிக்கவில்லை. ஏரியில் இருந்த அத்தனை மீனின் வாலிலும் ஓட்டை இருந்தது. கட்லாவில் இருந்தது, ரோகுவில் இருந்தது, யாருமே விடாத ஜிலேபிக் கெண்டையில் இருந்தது, மானியத்துக்கு முன்பே அங்கே குடியிருந்த கிழட்டு விராலின் வாலிலும் வட்டமாக இருந்தது. ஏரி முழுக்க எங்கள் மீன் என்றது காட்டுக்கொல்லை. ஒன்றைப் பார்த்து ஒன்று ஓட்டை போட்டுக்கொண்டது என்றது புதூர்.

முதல் கல் எந்தக் கரையிலிருந்து வந்தது என்று தெரியவில்லை. துடுப்பால் அடித்தார்கள், ஐஸ் உடைக்கும் கட்டையால் அடித்தார்கள், ஒருவனுடைய காது அறுந்து மீன்கூடைக்குள் விழுந்தது, அதைத் தேடி எடுப்பதற்குள் இன்னொருவனின் தாடை தொங்கியது. மடிக்குப் பின்னால் இடுப்பளவு தண்ணீரில் நின்ற கோவிந்தசாமி அடிக்கயிற்றை விடவேயில்லை. "உட்டுடுண்ணே, எங்க மீனு அது," என்று ஜோசுவா கெஞ்சலாகத்தான் ஆரம்பித்தான். "எங்கய்யன் காலத்துலயிருந்து நான் புடிக்கிற மடிடா. உன் ஷாப்பு ஓட்டையக் காட்டிக் கேட்டா உட்டுடுவனா?" என்றான் கோவிந்தசாமி. ஜோசுவாவின் இடுப்பில் தோல் அரியும் கத்தி இருந்தது. ஈரத்தோலில் இறங்குகிற மாதிரியே அது இறங்கியது. கை கயிற்றைப் பிடித்தபடியே போய்விட்டது. கோவிந்தசாமியைத் தூக்கிக்கொண்டு வேலூர் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். கையையும் ஐஸில் வைத்துக் கொண்டு வந்தால் தைத்துவிடலாம் என்று டாக்டர் சொன்னதால், மானியத்தில் வந்த ஐஸ்பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு புதூர் முழுக்க ஏரியைத் துழாவியது. ஐஸ் கரைந்ததுதான் மிச்சம்.

கை அழுகவில்லை. தோல் ஷாப்புக் கழிவு ஓடையாக வந்து சேருகிற தண்ணீர் அது. ஆட்டுத்தோலும் மாட்டுத்தோலும் பதமாகிற தண்ணீரில் மனுஷக் கை மட்டும் கெட்டுப்போகுமா என்ன. கட்டுப் பிரித்து வீட்டுக்கு வந்த கோவிந்தசாமிக்கு அது என்னென்ன தொடுகிறதோ எல்லாம் தெரிந்தது. சோறு தின்னும்போது செதில் உரசியது, படுத்திருக்கும்போது விரலிடுக்கில் சேறு புகுந்தது. "இன்னாங்க, தோளு இப்டி ஆடுது?" என்று அவன் மனைவி அம்பிகா கேட்டாள். "ஒண்ணுமில்ல, பெரிய விராலு ஒண்ணு, நழுவிக்கினு போய்டுச்சி," என்றான். அவள் விசிறியை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள்.

ஜோசுவா ஜெயிலுக்குப் போனான். அவன் தம்பி அற்புதராஜ், இனி ஏரி நம்முடையது என்று தனியாக வலை வீச இறங்கினான். அப்போது கோவிந்தசாமி பழையது தின்றுகொண்டிருந்தான். தண்ணீருக்கடியில் ஒரு கணுக்கால் அவன் விரல்களில் வந்து பட்டது. மேற்குக் கரைப் பக்கத்துக் கால். அவன் யோசிக்கவேயில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, தோளை இறுக்கி, பிடித்தான். மறுமுனை உதறியது, திமிறியது, அப்புறம் துவண்டது. கோவிந்தசாமி மிச்சப் பழையதையும் தின்றுவிட்டுக் கையைக் கழுவினான். நெஞ்சுக்குள் நிம்மதியாக இருந்ததாம், அவனே பிறகு சொன்னது. சேற்றில் சிக்கிச் செத்தான் என்று போலீஸ் முடித்தது, கணுக்காலில் ஐந்து விரலும் கன்றியிருந்ததை ஊர் பார்த்தது. பதிலுக்குப் புதூர்ப் பரிசல்கள் எரிந்தன. புதூரில் இருவருக்கு மண்டை உடைந்தது, காட்டுக்கொல்லையில் ஒருவனுக்கு முழங்கால் நொறுங்கியது. பிறகு இன்னொரு காட்டுக்கொல்லைக்காரன் தண்ணீர் மொண்டு வரப் போய், குடத்தை மட்டும் கரையில் விட்டுப் போனான். அடுத்த தவணை மானியம் நின்றது. ஏரியில் வலை இறங்கவேயில்லை, மீன் கொழுத்து, ஓட்டை வாலை ஆட்டிக்கொண்டு கரையோரமாகவே திரிந்தது. எழிலரசி மேடம் ஒருமுறை வந்து, கொஞ்ச நேரம் தண்ணீரைப் பார்த்துவிட்டு, "அந்தக் கை எந்தப் பக்கத்து உறுப்பினருங்க?" என்று கேட்டாள்.

கோவிந்தசாமிக்கு இதெல்லாம் பொருட்டில்லை. அவனுக்கு வேண்டியது ஒரே ஒரு கால், ஜோசுவாவின் கால். ஜாமீனில் வந்துவிட்டான் என்று தெரிந்த நாளிலிருந்து வேலைக்கும் போகாமல், கண்ணை மூடிக்கொண்டு விரல்களை விரித்து வைத்துக் காத்திருந்தான். மகன் புகழேந்தி ஆம்பூரில் ஷூ கம்பெனியில் கட்டிங் வேலை பார்க்கிற பையன், சாது. "போதும்பா, நீ புடிக்கிறதும் அவுனுங்க கொளுத்துறதும். இன்னும் எத்தினி பேரு?" என்றான். "நீ உன் வேலையப் பாரு. இன்னும் ஒருத்தன்தான் பாக்கி," என்றான் அப்பன். அந்தக் கையை எடுத்து வந்து மண்ணில் புதைத்துவிட்டால் எல்லாம் முடியும் என்று மகனுக்குத் தோன்றியது. ஞாயிற்றுக்கிழமை கம்பெனி லீவு. நல்ல வெயிலில், யாரிடமும் சொல்லாமல், நீந்திப்போய் ஏரி நடுவில் முங்கினான்.

அம்பிகா வடித்த கஞ்சியை வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். கோவிந்தசாமி சட்டென்று நிமிர்ந்தான். "வந்துட்டான்," என்றான், முகமெல்லாம் சிரிப்பு. இறுக்கினான். கால் உதறியது. இன்னும் இறுக்கினான். விரல் நுனி குதிகாலுக்கு மேலே ஒரு தழும்பில் போய் அழுந்தியது, பிறை மாதிரி வளைந்த பழைய தழும்பு. பையன் சின்னவனாக இருந்தபோது திருவிழாவுக்குப் போகும் வழியில் சைக்கிள் சக்கரத்தில் கால் மாட்டி வந்த தழும்பு. சைக்கிளை மிதித்தவன் கோவிந்தசாமி. அவனுக்கு அது எங்கே இருந்தாலும் தெரியும். விடு என்றான். கை விடவில்லை. தோளைத் தளர்த்தினான், மொட்டைக் கையைச் சுவரில் மோதினான், ஆறிய காயம் பிளந்து ரத்தம் கொட்டியது. கொல்லப் பழகிய கை, இன்னார் பிள்ளை என்று பார்க்கவில்லை. அவன் ரத்தம் சொட்டச் சொட்ட ஏரிக்கு ஓடினான். அம்பிகா கஞ்சிப் பானையை எங்கே போட்டாள் என்று அவளுக்கே தெரியாது.

மேற்கு மதகில் ஜோசுவா துணி துவைத்துக்கொண்டிருந்தான். ஏரி நடுவில் ஒரு தலை மேலே வந்ததையும், கீழே போனதையும், எதிர்க்கரையில் கோவிந்தசாமி ஒற்றைக் கையை விரித்துக் கத்துவதையும் பார்த்தான். ஒரு கணம் நின்றான். பிறகு குதித்தான். அவன் ஏன் குதித்தான் என்று காட்டுக்கொல்லையிலும் கேட்டுப் பார்த்துவிட்டார்கள், புதூரிலும் கேட்டுப் பார்த்துவிட்டார்கள். கத்தி கோர்ட்டில் இருந்தது, அவனிடம் வெறும் கைதான். கரையில் நின்ற கோவிந்தசாமிக்கு, காலைப் பிடித்திருந்த தன் விரல்களை வேறு விரல்கள் ஒவ்வொன்றாக நெம்புவது தெரிந்தது. நெம்ப முடியவில்லை. பிறகு அந்த உள்ளங்கை அவன் உள்ளங்கைக்குள்ளேயே வந்து நுழைந்தது. ஷாப்பில் தோல் ஊறும் சுண்ணாம்புத் தொட்டியில் வேலை செய்து வெந்து சொரசொரத்துப்போன உள்ளங்கை. எத்தனையோ வருஷம் வலை சுருட்டும்போது தொட்ட கை, அவனுக்குத் தெரியாதா. அவன் கை மகனின் காலை விட்டது, ஜோசுவாவின் கையைப் பிடித்தது. புகழேந்தி நுரை தள்ளிக்கொண்டு மேலே வந்தான். கோவிந்தசாமி கரையில் மண்டியிட்டு, விட்டுடு, அவனையும் விட்டுடு என்று தன் கையிடம் வாய்விட்டு அழுதான். தண்ணீருக்கடியில் ஜோசுவா ஒருமுறை அழுத்தினான், இன்னொருமுறை அழுத்தினான். அதற்குப் பிறகு வெறுமனே பிடித்துக்கொண்டான்.

உடல் மேலே வரவில்லை. தீயணைப்புக்காரர்கள் தேடினார்கள், ஏரியும் ஒரு கோடையில் முக்கால்வாசி வற்றியது, அப்போதும் நடுப்பள்ளத்தில் இருந்து எதுவும் கிடைக்கவில்லை. காரியம் எல்லாம் ஆன பிறகு ஜோசுவாவின் மனைவி மெர்சி மீன் வெட்டுகிற கத்தியோடு புதூருக்கு வந்தாள். வழியில் யாரும் தடுக்கவில்லை. கோவிந்தசாமி எழுந்து இடது கையை அவள் முன் நீட்டினான். "இதையும் வெட்டிக்கம்மா. ஒண்ணு மட்டும் சொல்லிட்றேன், அவன் இன்னும் புடி உடல," என்றான். மெர்சி கத்தியைப் பிடித்தபடி நின்றாள். ஊர் கூடி நின்று பார்த்தது. "சூடா கீதா, ஜில்லுனு கீதா?" என்று கேட்டாள். "சூடாத்தான் கீது," என்றான். அவள் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, அம்பிகா கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டு, திரும்பிப் போனாள்.

அதன் பிறகும் ஓரிரு மண்டை உடைந்தது, இல்லையென்று சொல்லக்கூடாது. ஆனால் ஏரிக்குள் யாரும் சாகவில்லை. சங்கம் மறுபடி கூடியது. ஜோசுவாவின் இடத்தில் மெர்சி செயலாளர், மானியம் மறுபடி வருகிறது, குஞ்சுக்கு யாரும் ஓட்டை குத்துவதில்லை, ஓட்டையோடுதான் வந்து இறங்குகிறது. கோடையில் ஒரு கயிற்றைப் புதூர் இழுக்கிறது, மறு கயிற்றைக் காட்டுக்கொல்லை இழுக்கிறது. மடிக்குப் பின்னால் போக ஆள் வைப்பதில்லை, அடிக்கயிறு தானாகவே சேற்றோடு அழுந்தி வருகிறது, முன்னைவிட அழுத்தமாக, இரண்டு பேர் பிடிக்கிற மாதிரி. வருஷாவருஷம் வந்து பார்க்கிற எழிலரசி மேடம் அந்த இடத்துக்கும் உறுப்பினர் பங்கு பிரித்து வைக்கச் சொல்லிவிட்டாள். அது இரண்டு பங்காகப் பிரிந்து, ஒன்று அம்பிகா வீட்டுக்கும் ஒன்று மெர்சி வீட்டுக்கும் போகிறது.

கோவிந்தசாமி இடது கையால் தின்கிறான், வலது தோளை அசைக்காமல் ஒருக்களித்தே படுக்கிறான். ஞாயிற்றுக்கிழமை கோயில் ஆராதனை முடிந்ததும் மெர்சி வெள்ளைப் புடவையோடு நேராக அங்கே வருகிறாள். புகழேந்தி எழுந்து நாற்காலி போட்டுவிட்டு வெளியே போய்விடுவான், அவனால் அவள் முகத்தைப் பார்க்க முடியாது. "இன்னிக்கி எப்டி கீறாருண்ணே?" என்று அவள் கேட்பாள். கோவிந்தசாமி கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் கவனிப்பான்.

"காலையில ஒருவாட்டி அழுத்தினாரு," என்பான்.

"அப்போ எழுந்துட்டாரு," என்று சொல்லிவிட்டு, மெர்சி சோறாக்க வீட்டுக்குப் போவாள்.