பை பிடிக்க ஓர் ஆள்

ரூலோஃபின் பிறந்தநாளன்று கேக்கோடு சேர்த்து வீட்ஸ்கெயையும் வெட்டித் தின்றார்கள்.

நாற்காலிகளை வட்டமாகப் போட்டு, மடியில் தட்டும் கையில் காப்பியுமாக உட்கார்ந்துவிட்டால் யாரும் சுலபத்தில் எழுந்து போக முடியாது. அந்த வட்டத்துக்குள் வாய்க்கு அவலாக ஒருத்தர் அகப்பட்டாக வேண்டும். ரூலோஃபின் தம்பி மனைவியான வீட்ஸ்கெ அகப்படுவது புதிதல்ல. ஆனால் ஒவ்வொரு தடவையும் அதை ஆரம்பித்து வைப்பவன் அவளைக் கட்டிய ஹார்மன்தான். அதுதான் அவளுக்கு வயிற்றெரிச்சல்.

வரும் திங்கட்கிழமை, பெந்தெகொஸ்தே திருநாளுக்கு மறுநாள் விடுமுறைக்கு, மகன் யெல்லெயை எல்சன்வெல்ட் கேளிக்கைப் பூங்காவுக்கு அழைத்துப் போவதாக இருந்தார்கள். எந்த வாசல் வழியாகப் போனால் கூட்டம் குறைவு, முதலில் எதில் ஏறுவது, மழை பிடித்தால் எங்கே ஒதுங்குவது என்று வீட்ஸ்கெ முன்பே யோசித்து வைத்திருந்தாள். அதைத்தான் ஹார்மன் வட்டத்தின் நடுவில் போட்டு உடைத்தான்.

"எங்க வீட்ல சிரிக்கறதுன்னாக்கூட நேரம் குறிச்சுட்டுத்தான் சிரிக்கணும். பூங்காவுக்குப் போறதுக்கு இவ படை திரட்டறா பாருங்க."

ரூலோஃபின் மனைவி ஹில்லிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. காப்பி சிந்தாமல் கோப்பையைப் பிடித்துக்கொண்டு, "கொஞ்சம் சும்மா விடு வீட்ஸ். சந்தோஷத்தையெல்லாம் முன்பதிவு பண்ண முடியுமா?" என்றாள்.

"அதைத்தான் நானும் சொல்றேன்," என்றான் ஹார்மன். "தோணும்போது தோணுறதைப் பண்ணணும். அப்பதான் அது சந்தோஷம்."

வட்டம் தலையாட்டியது. இப்படிப் பேசுகிறவன் ஒரு பயணத்திலும் பசியோடு இருந்ததில்லை, நனைந்ததில்லை, சார்ஜ் இல்லாத போனோடு நின்றதில்லை. அது எப்படி என்று கேட்க அங்கே ஒருத்தருக்கும் வாய் வரவில்லை. நோகாமல் நுங்கு தின்றே பழகியவன், நுங்கு தானாகவே சீவிக்கொண்டு வருவதாக நினைத்துக்கொண்டிருந்தான்.

வீட்ஸ்கெ தட்டைக் கீழே வைத்தாள். இந்தத் தடவை அவனே அழைத்துப் போகட்டும், தான் ஒரு துரும்பையும் கிள்ளிப் போடப் போவதில்லை, கூட வருவதோடு சரி என்று எல்லோர் முன்னாலும் சொன்னாள். ரூலோஃப் கைதட்டினான். எல்லாவற்றையும் தான் பார்த்துக்கொள்வதாக ஹார்மன் நெஞ்சில் கை வைத்துச் சொன்னான்.

சொன்ன சூட்டிலேயே அவளுக்கு யெல்லெயின் நினைப்பு வந்தது. எட்டு வயது. அந்தப் பூங்காவின் பெரிய ரோலர் கோஸ்டருக்குச் சாம்பல் ஓநாய் என்று பெயர். வரிசை தொடங்கும் இடத்தில் ஒரு மர ஓநாய் நிற்கும். அதன் காது உயரத்துக்கு வளராத பிள்ளைகளை விட மாட்டார்கள். போன வருடமும் அதற்கு முந்தின வருடமும் காதுக்குக் கீழே நின்று திரும்பி வந்த பிள்ளை அவன். இந்த வசந்தத்தில்தான் ஒருவழியாக வளர்ந்தான். சமையலறைக் கதவு நிலையில் அவனை நிறுத்தித் தலைக்கு மேல் பென்சிலால் கோடு போட்டபோது, இரண்டு நாள் அந்தக் கோட்டைப் போகிறவர் வருகிறவர்களுக்கெல்லாம் காட்டிக்கொண்டிருந்தான். திங்கட்கிழமை அவன் ஓநாயில் ஏறியாக வேண்டும். அப்பாவின் வீம்புக்கும் அம்மாவின் ரோஷத்துக்கும் நடுவில் அது நழுவிப் போய்விடக் கூடாது.

எழுந்து கழிவறைக்குப் போய்த் தாழ் போட்டாள். எதிர்ச் சுவரில் ஹில்லியின் பிறந்தநாள் காலண்டர் தொங்கியது. குடும்பத்தில் அத்தனை பேருடைய பெயரும் நாள்வாரியாக எழுதியிருந்தது. சந்தோஷத்தை முன்பதிவு பண்ண முடியாது என்று சொன்னவள் வீட்டில்தான் இது. வீட்ஸ்கெ போனை எடுத்துத் திங்கட்கிழமைக்கு மூன்று டிக்கெட் வாங்கினாள். நாலு நிமிஷம்கூடத் தன் வாக்கில் நிற்க முடியாத தன் மேலேயே அவளுக்கு ஆத்திரம் வந்தது. போனைப் பைக்குள் தள்ளி, சும்மாவே தண்ணீரை இழுத்துவிட்டு வெளியே வந்தாள்.

திங்கட்கிழமை காலையில் ஹார்மன் நிதானமாக எழுந்து, நிதானமாக இரண்டாவது காப்பியும் குடித்தான். யெல்லெ செருப்பை மாட்டிக்கொண்டு வாசற்கதவருகே தரையில் உட்கார்ந்திருந்தான். யாரும் கேட்காமலே வீட்ஸ்கெயின் கை ரொட்டிக்கு வெண்ணெய் தடவிச் சீஸ் வைத்துக்கொண்டிருந்தது. போனில் மழை ராடாரைப் பார்த்துவிட்டு மூன்று மழைக்கோட்டையும் மடித்து வைத்தாள். வானம் இவ்வளவு நீலமாக இருக்கும்போது ராடாரைப் பார்க்கிறவள் உலகத்திலேயே இவள் ஒருத்திதான் என்றான் ஹார்மன். அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

நெடுஞ்சாலையில் பாதி நாடு நின்றுகொண்டிருந்தது. போய்ச் சேர்ந்தபோது வண்டி நிறுத்துமிடத்தின் கடைசி மூலைதான் மிச்சம். ஹார்மன் வண்டியைப் பூட்டிச் சாவியை வழக்கம்போல அவள் பைக்குள் போட்டான். அவன் கால்சட்டைப் பையில் சாவி இருந்தால் உறுத்துமாம்.

வாசலில் பெரிய பலகை வைத்திருந்தார்கள். இன்றைக்கு எல்லா டிக்கெட்டும் தீர்ந்துவிட்டது, முன்பே நாள் பதிந்து வாங்கியவர்களுக்கு மட்டுமே அனுமதி என்று எழுதியிருந்தது. அதைப் படித்துவிட்டுச் சில குடும்பங்கள் திரும்பிப் போய்க்கொண்டிருந்தன. யெல்லெ எழுத்துக் கூட்டி ஒரு தடவை படித்தான். மறுபடியும் படித்தான். முகம் சுண்டிப்போய் அப்பாவைப் பார்த்தான்.

ஹார்மன் அந்தப் பலகையைப் பார்த்து அசரவே இல்லை. சிரித்துக்கொண்டே வீட்ஸ்கெயின் பக்கம் கையை நீட்டினான்.

"எடு வீட்ஸ், காட்டு. நீ வாங்கியிருப்பேன்னு எனக்குத் தெரியாதா?"

மறந்துவிட்டான் என்று அவள் நினைத்திருந்தாள். சோம்பேறித்தனம் என்றுகூட நினைத்திருந்தாள். இரண்டும் இல்லை. வட்டத்தில் நெஞ்சில் கை வைத்த அந்த நிமிஷமே அவனுக்குத் தெரியும், இவள் வாங்கிவிடுவாள் என்று. இத்தனை வருடமும் அவள் தோளில் சவாரி செய்துகொண்டே அவள் நடையைக் கேலி பண்ணியிருக்கிறான். வீட்ஸ்கெக்கு உச்சந்தலைவரை கொதித்தது. போனை எடுத்துக்கொண்டு வரிசையில் போய் நின்றாள்.

அவர்களுக்கு முன்னால் ஒரு தாடிக்காரர் வாசற்பெண்ணிடம் கெஞ்சிக்கொண்டிருந்தார். மூன்று வயதுவரை டிக்கெட் வேண்டாம். அவருடைய மகளுக்கு வெள்ளிக்கிழமையோடு மூன்று முடிந்துவிட்டது. அதை மறந்து தனக்கு மட்டும் வாங்கி வந்திருக்கிறார். பொய் சொல்லியாவது உள்ளே போகலாம் என்றால், பிறந்தநாளுக்குப் பள்ளியில் வைத்த காகிதக் கிரீடத்தைக் குழந்தை கழற்றவே மாட்டேன் என்று இன்னும் தலையில் வைத்திருந்தது. கிரீடத்தின் நெற்றியில் கையகலத்துக்கு நான்கு என்று எழுதியிருந்தது. விதி அதுதான், தன்னால் ஒன்றும் செய்ய முடியாது என்று வாசற்பெண் கையை விரித்தாள்.

வீட்ஸ்கெ போனை நீட்டினாள். முதல் டிக்கெட்டில் யெல்லெ உள்ளே போனான். இரண்டாவதில் கிரீடம் வைத்த குழந்தையை முன்னால் தள்ளினாள். மூன்றாவதில் தான் போனாள். தாடிக்காரர் ஒன்றும் புரியாமல் நன்றி சொல்லிக்கொண்டே பின்னால் ஓடி வந்தார்.

ஹார்மன் கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றான். முதலில் விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தான்.

"ஏய், நான்?"

"டிக்கெட் வாங்கினியா?"

"வீட்ஸ், எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டும். அன்னிக்கு வட்டத்துலயும் எல்லாரும்தான் பாத்தாங்க."

யெல்லெ அவள் கையைப் பிடித்து இழுத்தான். அப்பா வரவில்லையா என்று கேட்டான். அப்பா தன் டிக்கெட்டைத் தானே வாங்கவில்லை, அதனால் இன்றைக்கு வெளியில் இருப்பார் என்று உள்ளபடியே சொன்னாள். பையன் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தான். அவளும் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். பார்த்த பிறகு கோபம் குறைவதற்குப் பதிலாகக் கூடியது. பையனின் இந்த நாளில் தனக்குப் பாடம் புகட்டுகிற வேலையையும் அவள் தலையிலேயே கட்டிவிட்டானே என்று பொருமினாள்.

மர ஓநாயின் அருகில் யெல்லெ செருப்புக்குள் குதிகாலைத் தூக்காமல் நேர்மையாக நின்றான். தலை காதைத் தொட்டது. பணியாளர் கட்டைவிரலைக் காட்டினார். கூடவே, இந்த உயரத்துக்குப் பெரியவர் ஒருத்தர் பக்கத்தில் உட்கார வேண்டும் என்றும் சொன்னார். யெல்லெயின் முகத்தில் வந்த சிரிப்பு பாதியில் நின்றது.

"அப்பாதான் கூட வர்றேன்னு சொன்னாரு."

"நான் வரேன்."

"உனக்குத்தான் பயமாச்சேம்மா."

"யார் சொன்னா?"

"அப்பா."

வீட்ஸ்கெ அப்படி ஒரு நாளும் சொன்னதில்லை. ஒவ்வொரு வருடமும் ஒவ்வொரு பூங்காவிலும் அவள் கீழே நின்றது உண்மை. கோட்டு, பை, தண்ணீர், எல்லாவற்றையும் யாராவது பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும், மேலே வைக்க இடம் கிடையாது என்று கல்யாணமான புதிதில் ஹார்மன் சொன்னான். அவள் நின்றாள். பிறகு அதுவே பழகிப்போயிற்று. அவளுக்குப் பயம் என்று எப்போது அது மாறியதோ தெரியவில்லை.

வரிசை நகர நகரப் போன் துடித்துக்கொண்டே இருந்தது. ஹார்மனிடமிருந்து முதலில் கேலி, பிறகு கோபம், பிறகு விதம்விதமான கேள்விகள். சாவி எங்கே? ரொட்டி எங்கே? பாதி வழியில் மழை கொட்டியது. ராடார் சொன்னபடியேதான். யெல்லெக்கு மழைக்கோட்டை மாட்டிவிட்டுத் தானும் போட்டுக்கொண்டாள். பைக்குள் மூன்றாவது கோட்டு மடிப்புக் கலையாமல் கிடந்தது. அதை யெல்லெ பார்த்தான். அப்பா நனைவார் என்று மட்டும் மெதுவாகச் சொன்னான். ஆமாம், நனைவார் என்றாள் அவள். நெஞ்சு உறுத்தியது. உறுத்துகிறதே என்று அதன் மேலும் கோபம் வந்தது.

மேலே மேடைக்கு வந்து சேர்ந்தபோது பையை என்ன செய்வது என்று தயங்கி நின்றாள். அங்கிருந்த பணியாளர் அவளுக்குப் பின்னால் கையைக் காட்டினார். சுவரோரமாக நீளத் தட்டு ஒன்று, கட்டம் கட்டமாகத் தடுத்து வைத்திருந்தது. எல்லோருடைய பைகளும் அதில் இருந்தன. புதிதாக வைத்ததும் இல்லை. அதன் விளிம்பில் பெயின்ட் உரிந்து, வருடக்கணக்கில் பைகள் உரசி உரசி மரம் வழவழப்பாகியிருந்தது.

ஹார்மன் இந்த மேடைக்கு வருடா வருடம் வந்தவன். இதைத் தாண்டித்தான் ஒவ்வொரு தடவையும் இருக்கைக்குப் போனான்.

வீட்ஸ்கெ பையை அந்தத் தட்டில் வைத்தாள். கையில் ஒன்றும் இல்லாமல் நடப்பது விநோதமாக இருந்தது. முன்வரிசை காலியாக இருந்ததால் அங்கேயே உட்கார்ந்தார்கள். வண்டி ஏறியது, உச்சியில் ஒரு கணம் நின்றது, பிறகு அப்படியே விழுந்தது. யெல்லெ வீறிட்டான். வீட்ஸ்கெயின் வாயிலிருந்து வந்தது வீறிடல் இல்லை. வட்டத்தில் உட்கார்ந்து விழுங்கிய அத்தனையும் வசவாக வந்தது. மழை முகத்தில் அறைய அறைய, வளைவுக்கு வளைவு, அவளுக்குத் தெரிந்த கெட்ட வார்த்தைகள் தீரும்வரை திட்டினாள். வண்டி நின்றபோது தொண்டை கம்மியிருந்தது.

யெல்லெ கண்ணை அகல விரித்துப் பார்த்தான். "யாரைம்மா திட்டின?"

"நிறைய பேரை," என்றாள். "இன்னொரு தரம் போலாமா?"

அன்றைக்கு எத்தனை தடவை போனார்கள் என்று அவள் எண்ணவில்லை. முன்பே யோசித்து வைத்திருந்த மற்ற எதிலும் ஏறவும் இல்லை. அந்த ஓநாயையே சுற்றிச் சுற்றி வந்தார்கள். பசித்தபோது மூன்று பேருடைய ரொட்டியையும் இரண்டு பேராகத் தின்று தீர்த்தார்கள்.

பூங்காவை மூடும்போது வெளியே வந்தார்கள். ஹார்மன் பலகைக்குக் கீழே சொட்டச் சொட்ட நின்றுகொண்டிருந்தான். உதடு வெளுத்திருந்தது. திட்டுவதற்கு நாள் முழுக்கத் தயார் செய்திருப்பான் போல, வாயைத் திறந்தான். அதற்குள் யெல்லெ ஓடிப் போய் அவன் ஈர இடுப்பைக் கட்டிக்கொண்டான்.

"அப்பா, அம்மா ஓநாய்ல வந்தா. முன் வரிசைல. எல்லாத் தடவையும்."

ஹார்மனுக்குத் திட்டு மறந்து போயிற்று. நிஜமாகவே புரியாமல் வீட்ஸ்கெயைப் பார்த்தான்.

"அப்ப பையை யார் புடிச்சிட்டிருந்தா?"

"மேல தட்டு இருக்கு," என்றாள் வீட்ஸ்கெ.

அவனுடைய பார்வை தரைக்குப் போனது. தெரியாது என்று அவன் சொல்லியிருந்தால்கூட அவள் நம்பியிருப்பாள்.

பையைத் தன் தோளிலிருந்து கழற்றி அவன் தோளில் மாட்டினாள். சாவி உள்ளே இருக்கிறது, தேடி எடுத்துக்கொள் என்றாள். வண்டிவரை அவன் பின்னால் தேடிக்கொண்டே வந்தான். அவள் பின் இருக்கையில் யெல்லெயின் பக்கத்தில் ஏறி உட்கார்ந்து ஈரத் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டாள். வண்டிகள் எல்லாம் ஒரே நேரத்தில் கிளம்பியிருந்தன. வெளிவாசலுக்கு வந்தபோது ஒரு பக்கம் நெடுஞ்சாலை அடைத்துக் கிடந்தது, மறுபக்கம் கிராமத்துச் சாலை எங்கேயோ போனது. எப்போதும் இந்த இடத்தில் அவள்தான் வழி சொல்வாள். ஹார்மன் பிரேக்கை மிதித்தான். பின்னால் வண்டிக்காரர்கள் ஹாரன் அடிக்கத் தொடங்கினார்கள்.

"வீட்ஸ், எந்தப் பக்கம் திரும்பறது?"

அவள் கண்ணைத் திறக்கவில்லை.

"உனக்குத் தோணுற பக்கம் திரும்பு."