இறுக்கிக் கட்டிய பெட்டி

மனைவி ரெஜிலா கையை விட்டுப் போய்விடுவாளோ என்ற பயம் திருவனந்தபுரத்தில் காரைக் கிளப்பும்போதே ஜெப்சனைப் பிடித்துக்கொண்டது. பக்கத்து இருக்கையில் ஒரு தெர்மாகோல் பெட்டி. அவளுக்கான மருந்து அதற்குள்தான் இருந்தது. மாதக்கணக்கில் அவளுக்கு வயிற்றுப்போக்கு. ஆன்டிபயாட்டிக் கொடுத்தால் கொஞ்சம் அடங்கும், பிறகு முன்னைவிட மோசமாகக் கிளம்பும். ஆள் பாதியாகிவிட்டாள். கடைசியில் மார்த்தாண்டத்து டாக்டர்தான் இந்த வழியைச் சொன்னார். ஆரோக்கியமான ஒருவரின் மலத்திலிருந்து நல்ல பாக்டீரியாக்களைப் பிரித்து உறையவைத்திருக்கிறார்களாம். அதை உருக்கிக் குடலுக்குள் விட்டால் பிழைக்கலாம். ஆனால் வழியிலேயே உருகினால் உள்ளே இருப்பதெல்லாம் செத்துப்போகும். அடுத்தது கிடைக்கும்வரை அவள் தாங்க மாட்டாள்.

ரெஜிலா பள்ளிக்கூட டீச்சர். "என்ன மருந்துன்னு ஒரு ஆளுட்டயும் சொல்லப்பிடாது, கேட்டியளா. பிள்ளைய முன்னாடி நான் எப்படி நிப்பேன்?" என்றாள். எழுந்து உட்கார முடியாத நிலையிலும் அவளுக்கு அந்தக் கவலை. பெற்ற அம்மாவிடம்கூட ஜெப்சன் 'கேரளத்து ஊசி' என்றுதான் சொல்லி வைத்திருந்தான்.

களியக்காவிளையில் வண்டியை நிறுத்திப் பார்த்தான். மூடி இடுக்கிலிருந்து வெள்ளைப் புகை கசிந்துகொண்டிருந்தது. ஐயோ, குளிர் போகிறதே! மருந்தைக் கட்டிக் கொடுத்த லேப் பெண், அதைச் சுற்றி வைத்த டிரை ஐஸைப் பற்றி என்னென்னவோ சொன்னாள். பதற்றத்தில் பாதிதான் காதில் ஏறியது. ஜெப்சன் துபாயில் இருந்த காலத்தில் ஊருக்கு வருகிறவர்களுக்கெல்லாம் பெட்டி கட்டிக் கொடுத்தவன். அவன் கட்டிய பெட்டியைக் கப்பலிலிருந்து தூக்கி எறிந்தாலும் பிரியாது. பிரவுன் டேப் வாங்கி, காற்றுகூடப் போகாதபடி சுற்றோ சுற்றென்று சுற்றினான். கண்ணாடிகளை ஏற்றி ஏசியையும் கூட்டினான்.

குழித்துறைப் பாலம் தாண்டியதும் பெட்டி முறுகுவது போல ஒரு சத்தம். திரும்பிப் பார்த்தான். மூடி வயிறு தள்ளிக்கொண்டிருந்தது. ஓரம் கட்டிக் கதவைத் திறப்பதற்குள் வெடித்தது.

எப்படி இறங்கினான் என்றே தெரியவில்லை. காரிலிருந்து புகை புகையாக வந்தது. நாலு பக்கமிருந்தும் ஆட்கள் ஓடி வந்தார்கள்.

"குண்டு! ஓய், கிட்ட போகாதேயும்!" ஒருவர் அவனைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டார். இன்னொருவர் வாளித் தண்ணீரோடு வந்தார். உள்ளே இருக்கைக்குக் கீழே, பெட்டியிலிருந்து தெறித்த மருந்துப் பை கிடப்பது தெரிந்தது. அதன்மேல் அந்தத் தண்ணீர் விழுந்தால் ரெஜிலா அவ்வளவுதான்.

"ஊத்தாதேயும்! குண்டு இல்ல, பீயாக்கும்! மனுசனுக்க பீ! எனக்க பெண்டாட்டி ரெஜிலாவுக்க மருந்து!"

ஜங்ஷனே கேட்கும்படி கத்தினான். பிடித்திருந்தவர் கையை எடுத்துவிட்டார். வாளி அப்படியே நின்றது. நாலைந்து பேர் போனைத் தூக்கிப் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அவன் எதையும் பார்க்கவில்லை. மருந்துப் பையைத் திரும்பப் பெட்டிக்குள் வைத்து, சிதறிக் கிடந்த டிரை ஐஸ் கட்டிகளை வெறுங்கையால் அள்ளி அள்ளி அதன்மேல் போட்டான். கை தீயில் வைத்ததுபோல் எரிந்தது. மீன் விற்க வந்த ஒரு அம்மா, "கைய சுட்டுக்கிடாத மக்கா" என்று தன் தலைச் சும்மாட்டுத் துணியை அவிழ்த்துக் கொடுத்தாள். டிரை ஐஸ் ஆவியாகிக்கொண்டே இருக்கும், மூடியை இறுக்கக் கூடாது என்று லேப் பெண் சொன்ன மறுபாதி இப்போதுதான் உறைத்தது. மூடியைச் சும்மா மேலே வைத்துக்கொண்டு, கண்ணாடிகளைத் திறந்துவிட்டு, உயிரைக் கையில் பிடித்தபடி ஆஸ்பத்திரிக்கு ஓட்டினான்.

டாக்டர் உறை மாட்டிய கையால் பையை அழுத்திப் பார்த்தார்.

"கல்லு மாதிரி இருக்கு. ஒண்ணும் ஆகல்ல" என்றார் டாக்டர். ஜெப்சன் அங்கேயே சுவரோரம் உட்கார்ந்து அழுதான்.

வார்டுக்குள் போனபோது ரெஜிலா கண் திறந்தாள்.

"கொண்டு வந்தியளா?"

"வந்தாச்சு."

"யாருக்கும் தெரியாதுல்லா?"

கொப்புளம் கிளம்பிய கைகளை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டான்.

"ஒரு ஆளுக்கும் தெரியாதுட்டி" என்றான். வாசலில் நின்ற நர்ஸின் போனிலிருந்து அவனுடைய குரல் கத்தத் தொடங்கியது.