வெயில் அறை

கடையிலிருந்து பால் வாங்கிக்கொண்டு வந்து கதவைத் திறந்தால், என் மனைவி தெல்மா மாடிப்படியில் உட்கார்ந்திருக்கிறாள். முகம் வாசல் பக்கம். இரண்டு கைகளையும் பின்னால் மேல்படியில் ஊன்றி, உடம்பைத் தூக்கி ஒரு படி மேலே வைத்தாள். பிறகு கால்களை ஒவ்வொன்றாகக் கையால் பிடித்து இழுத்துக்கொண்டாள், அவை யாரோ மறந்துவிட்டுப் போன சாமான்கள் மாதிரி. ஊன்றுகோல் கீழே கம்பளத்தில் கிடந்தது.

"என்னடி பண்றே?"

"பாத்தா தெரியல? படகு ஓட்டறேன்."

"அந்த ஆபீஸ்காரம்மா இப்ப வந்துடும்."

"அதுக்குத்தான் போறேன். பச்ச கவுன் மேல அலமாரில இருக்கு."

"ஏன், நான் எடுத்துத் தர மாட்டேனா?"

"நீ பச்சைன்னு சொல்லிப் பழுப்பக் கொண்டு வருவே, டெஸ். அது மட்டுமில்ல. வர்றவ நான் மாடிலேர்ந்து எறங்கி வர்றதப் பாக்கட்டும். கட்டில்ல கெடத்தி வச்ச பொணத்தப் பாக்கற மாதிரி என்னை ஒருத்தி வந்து பாக்க வேண்டாம்."

"நீ மாடிலேர்ந்து எறங்கி வந்தா நமக்கு ஒரு சல்லிக்காசு கெடைக்காதுடி, மடச்சி."

"தெரியும்" என்று சொல்லிவிட்டு அடுத்த படிக்குக் கையை ஊன்றினாள்.

பால் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றேன். தடுத்திருக்கலாம். காலைப் பிடித்து இழுத்தால் வந்துவிடுவாள், அவ்வளவுதான் எடை. ஆனால் கடைசியாக அவளை ஒரு விஷயத்தில் தடுத்தபோது ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. அவள் பேசாத வீட்டில் இருப்பதும் வீடே இல்லாமல் இருப்பதும் எனக்கு ஒன்றுதான்.

வீடு போகிற நிலைமைதான். அதைச் சொல்லிவிடுகிறேன். நான் மீன் துறைமுகத்தில் பெட்டி இறக்கினவன். பதினைந்து வயதில் பள்ளிக்கூடத்தை விட்டவன். காகிதத்தில் இருப்பதைவிட காகிதத்தை நீட்டுகிறவன் மூஞ்சியைத்தான் படிப்பேன். யாராவது என்னிடம் நிதானமாக, மரியாதையாகப் பேசினால் உடனே சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொள்வேன். வங்கிக்காரர்கள் எல்லோரும் நிதானமாகத்தான் பேசினார்கள். இரண்டு வருடத்தில் வட்டியை இரண்டு மடங்காக்கிய பிறகும் அதே நிதானம். இன்னொரு தவணை தவறினால் வீட்டை எடுத்துக்கொள்வோம் என்று சொன்னவனும் கடைசியில் "உங்கள் நாள் இனிதாகட்டும்" என்றான்.

எங்களைப் போன்ற ஓய்வூதியக்காரர்களுக்கு வட்டி கட்ட அரசாங்கம் உதவும் என்று எங்கள் மகள் ஷெல்லிதான் விசாரித்துச் சொன்னாள். உதவி என்று பெயர், அதுவும் கடன்தான். வீட்டின் மேல் எழுதி வைத்துக்கொண்டு, நாங்கள் இருவரும் மண்ணுக்குப் போனபின் விற்றதில் எடுத்துக்கொள்வார்கள். ஒரு ஓட்டையை அடைக்க இன்னொரு ஓட்டை. ஷெல்லியிடம் அப்படியே சொன்னேன். "எனக்கு உங்க வீடு வேண்டாம்ப்பா. நீங்க அதுக்குள்ள இருந்தாப் போதும்" என்றாள்.

ஆனால் அதிலும் ஒரு முடிச்சு. வீடு வாங்கின கடனுக்கு வட்டி தருவார்கள். அதில் மீதி இருப்பது கொஞ்சம்தான். பெரிய பாரம், பதினேழு வருடத்துக்கு முன்னால் அதன்மேல் வாங்கின கூடுதல் கடன். பின்பக்கம் ஓர் அறை கட்ட வாங்கினோம். அந்த அறை எதற்கு என்பதுதான் கேள்வி. நடக்க முடியாதவருக்காகக் கட்டினதென்றால் அந்த வட்டியையும் தருவார்கள். சொகுசுக்குக் கட்டினதென்றால் கிடையாது. வங்கியின் ஏட்டில் என்ன இருக்கிறது? வெயில் காய்கிற அறை என்றிருக்கிறது.

அப்படி எழுதச் சொன்னவள் தெல்மாதான். அப்போதே கால்கள் அவள் பேச்சைக் கேட்பதை நிறுத்த ஆரம்பித்திருந்தன. மருத்துவர் ஒரு நீளமான பெயர் சொன்னார், ஏறாதே என்றார். அதனால்தான் கீழேயே கட்டில், கழிப்பறை, குளிக்க ஓர் இடம். ஆனால் வங்கியில் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவள் பாட் என்கிற எதிர்வீட்டுக்காரி. அவளிடம் காலையில் சொன்னால் சாயங்காலம் துறைமுகத்துக்கே தெரியும். "சன் ரூம்னு சொல்லு. செடி வைக்கப் போறோம்னு சொல்லு" என்றாள் தெல்மா. எங்கள் தெருவில் எல்லோரும் அப்படித்தான். ஒரு கை போய்விட்டவனைக் கேட்டாலும் "பரவாயில்ல, குறையொண்ணுமில்ல" என்பான். பாட் வங்கியைவிட்டு வந்துவிட்டாள். இப்போது அவள் வேலை ஜன்னல் திரைக்குப் பின்னால். தான் மாடியில்தான் படுக்கிறேன் என்று அவள் நினைக்கட்டும் என்றே தெல்மா இத்தனை வருடமும் மாடி அறையில் சாயங்காலம் விளக்குப் போடச் சொல்வாள். நான் ஏறிப் போய்ப் போட்டுவிட்டு வருவேன்.

போன மாதம் அந்த உதவி தருகிற அரசாங்க அலுவலகத்திலிருந்து தெல்மாவைத் தொலைபேசியில் கூப்பிட்டு, எப்படி இருக்கிறீர்கள், சமாளிக்க முடிகிறதா என்று கேட்டார்கள். இவள் என்ன சொன்னாள் தெரியுமா? "ரொம்ப நல்லா இருக்கேன் கண்ணு, ஒரு குறையும் இல்ல." அப்படியே எழுதிக்கொண்டார்கள். மருத்துவரின் பழைய சீட்டை நான் அனுப்பியதும் குழம்பிப்போய், நேரில் பார்க்க ஆள் அனுப்புகிறோம், அறை எதற்கென்று உங்கள் மனைவி வாயால் சொல்லட்டும் என்றார்கள்.

அந்த வாய் இப்போது மாடியில் உதட்டுச்சாயம் பூசிக்கொண்டிருந்தது.

அழைப்புமணி அடித்தது. முப்பது வயதுகூட இருக்காது. பெயர் ஜோசலின். கடற்காற்றில் தலைமுடியெல்லாம் வாயில் ஒட்டியிருந்தது. செருப்பைக் கழற்றட்டுமா என்று கேட்டாள். நிதானமாக, மரியாதையாக. நான் பையைத் தொட்டுக்கொண்டேன்.

பின்னறையைக் காட்டினேன். கட்டில், சுவரில் கைப்பிடிகள், தரையோடு தரையாகக் குளிக்கும் இடம். ஆனால் கட்டில்மேல் பூப்போட்ட விரிப்பும் திண்டுகளும் போட்டு, காலையிலேயே அதைச் சோபா ஆக்கிவைத்திருந்தாள் தெல்மா. ஜன்னல் நெடுக ஜெரேனியம் பூந்தொட்டிகள். பிரம்பு நாற்காலி. பிப்ரவரி மாதத்தில் எட்டிப் பார்க்காத வெயில்கூட அன்றைக்கென்று வந்து கண்ணாடி முழுக்க உட்கார்ந்திருந்தது.

"அழகா இருக்கு" என்றாள் ஜோசலின். அந்த ஒரு வார்த்தையில் என் வீடு கொஞ்சம் சரிந்தது.

"படுக்கறது இங்கதாம்மா."

"சரி. மிஸஸ் எங்க?"

நான் வாயைத் திறப்பதற்குள் மேலிருந்து குரல் வந்தது. "இதோ வரேன்!"

ஜோசலின் என்னைப் பார்த்தாள். பிறகு கூடத்துக்கு வந்து படிகளைப் பார்த்தாள். நானும் வந்தேன். மேலே தெல்மா நின்றுகொண்டிருந்தாள். பச்சை கவுன், காதில் முத்து, ஒரு கை கைப்பிடிக் கட்டையில். எங்கள் கல்யாணத்தன்று கூட அவ்வளவு நிமிர்ந்து நின்றதாக ஞாபகமில்லை.

அவளால் இறங்க முடியாது என்று நான் சொல்லியிருக்க வேண்டும். நாக்கு நுனியில் இருந்தது. சொன்னால் வீடு நிற்கும். அந்நியப் பெண்ணின் முன்னால், அந்தப் பச்சை கவுனில் நிற்கிறவளைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல என்னால் முடியவில்லை.

தெல்மா ஒரு காலை நகர்த்தினாள். செருப்பின் முனை படியின் விளிம்பைத் தாண்டி வந்து, காற்றில் நின்று, நடுங்கி, திரும்பப் போனது. கைப்பிடியில் விரல்கள் வெளுத்தன. கட்டை கிரீச்சிட்டது.

"ஏம்மா" என்றாள் தெல்மா, "நீ மேல வந்துடு. நான் எறங்கி வர்றதுக்குள்ள உனக்கே பென்ஷன் வந்துடும்."

ஜோசலின் சிரித்தாள். வாயைப் பொத்திக்கொண்டு, சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் சிரித்தாள். பிறகு பையை மாட்டிக்கொண்டு ஏறிப் போனாள். தெல்மா கட்டையைப் பிடித்தபடியே மெல்லச் சரிந்து மேல்படியில் உட்கார்ந்தாள். ஜோசலின் அவளுக்கு இரண்டு படி கீழே, சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். பள்ளிக்கூடத்தில் வெளியே அனுப்பப்பட்ட இரண்டு பெண்பிள்ளைகள் மாதிரி இருந்தார்கள்.

"நின்னு வேடிக்க பாக்காத, டெஸ். டீ போடு."

சமையலறைக்குப் போனேன். கெட்டிலைப் போட்டேன். எங்கள் கெட்டில் பழசு, கப்பல் எஞ்சின் மாதிரி சத்தம் போடும். அந்தச் சத்தத்துக்கு நடுவில் ஜோசலின் கேட்டது மட்டும் காதில் விழுந்தது: "அந்த ரூம் எதுக்குக் கட்டினீங்க, மிஸஸ்?" பதிலைக் கேட்க அவசரமாகக் கெட்டிலை அணைத்தேன். அதற்குள் தெல்மாவின் குரல் தாழ்ந்துவிட்டது. ரொம்ப நேரம் அந்தத் தாழ்ந்த குரலே கேட்டது. நான் டீயைக் கொண்டுபோனபோது இரண்டு பேரும் பேச்சை நிறுத்தினார்கள். ஜோசலின் எழுதின காகிதத்தைப் பைக்குள் வைத்துவிட்டிருந்தாள்.

"முடிவு என் கையில இல்ல, ஐயா. கடிதம் வரும்" என்று வாசலில் சொன்னாள். மூஞ்சியைப் படித்துப் பார்த்தேன். ஒன்றும் புரியவில்லை. வெளியே போனவள் கதவைச் சரியாகச் சாத்தாமல் போனாள். காற்று அதை அகலத் திறந்து சுவரில் அடித்தது.

"என்னடி சொன்னே அவகிட்ட?"

"கேட்டதுக்குப் பதில் சொன்னேன்."

"என்னன்னு?"

"முதல்ல என்னைக் கீழ கொண்டு போ. குளுருது."

அவளுக்குக் கீழே உள்ள படியில் போய் முட்டிபோட்டேன். என் முட்டியும் வயசானதுதான். அவள் வலது காலை இரண்டு கையாலும் பிடித்து அடுத்த படியில் வைத்தேன். பிறகு இடது கால். அவள் கையை ஊன்றி உடம்பை இறக்கினாள். பச்சை கவுன் முட்டிக்குமேல் ஏறியது, இழுத்துவிட்டேன். திறந்த வாசல் வழியாகத் தெரு முழுக்கத் தெரிந்தது. எதிர்வீட்டு ஜன்னலில் திரை ஒதுங்கி, அங்கே பாட்டின் வெள்ளைத் தலை.

"இரு, கதவைச் சாத்திட்டு வரேன்" என்று எழுந்தேன்.

தெல்மா என் தோளைப் பிடித்து உட்காரவைத்தாள். திறந்த வாசல் வழியாக அந்த ஜன்னலை நேராகப் பார்த்தாள். உதட்டுச்சாயம் ஓர் ஓரத்தில் கலைந்திருந்தது.

"அடுத்த கால எடுத்து வை" என்றாள்.