கிடங்கு மூலைத் தூண்

அதுவும் பார்த்துப் பூசணிக்காயையா இவனிடம் தள்ளிவிட வேண்டும், கத்தரிக்காய் கிடந்தது, பயற்றங்காய் கிடந்தது, வாழைக்காயில் ஒரு முழுக் குலை கிடந்தது, எல்லாவற்றையும் மற்றவர்களுக்குப் பங்கிட்டுவிட்டு மார்க்கண்டர் இந்த இரண்டையும் இவன் பக்கம் உருட்டி, அருள், உது உன்ரை கைக்குத்தான் சரி, மேசன் வேலை செய்யிற கை என்று சொல்லிவிட்டுப் போனார், ஏன் அப்படிச் சொன்னார், முழுப் பூசணிக்காயைச் சோற்றுக்குள் மறைக்கிறவன் இவன் என்று ஏதும் தெரிந்துதான்... சீ, அவருக்கு என்ன தெரியும், அந்த மனுசனுக்குத் தன் மூக்குக்கண்ணாடி எங்கே கிடக்கிறது என்றே தெரியாது, குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்று சும்மாவா சொன்னார்கள், குறுகுறுக்கட்டும், நீ வெட்டு. அருட்செல்வன் காயை இரண்டாகப் பிளந்து விதையை வழித்துச் சுளகில் போட்டான். இன்றைக்கு முத்துக்குமாரு அண்ணையின் முப்பத்தோராம் நாள், அந்தியேட்டி, கிரியை செய்கிறவர்கள் விடியவே கீரிமலைக்கு வான் பிடித்துப் போய்விட்டார்கள், ஆண் பிள்ளை இல்லாத வீடு, தமையன் மகன்தான் கடமை செய்கிறான், மத்தியானச் சாப்பாட்டுக்கு அயலட்டை ஆண்கள் எட்டுப் பேர் முற்றத்துப் படங்கின் கீழ் இருந்து காய் வெட்டுகிறார்கள், வழக்கம்தானே, செத்தவீட்டில் அயலவன் காய் வெட்டாவிட்டால் அவன் என்ன அயலவன். இவன் அயலவன்தான், அடுத்த வளவு, ஒரே வேலி.

அந்த வேலியைப் பார்க்கக் கூடாது என்றுதான் முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தான், ஆனால் அந்தப் பக்கம் முதுகைக் காட்டினால் இந்தப் பக்கம் சீமெந்து ஆலையின் புகைபோக்கி முகத்துக்கு நேரே நிற்கிறது, எங்கே திரும்பி இருந்தாலும் ஒன்று இல்லாவிட்டால் மற்றது. முப்பத்து நாலு வருசமாகப் புகை விடாத புகைபோக்கி. அப்பா அதில் சூளைப் பகுதியில் இருந்தவர், வேலை முடிந்து வரும்போது கண்ணிமை கூட வெள்ளையாக இருக்கும், சண்டை வந்து சனமெல்லாம் ஓடினபோது இவனுக்குப் பன்னிரண்டு வயது, ஒரு கிழமையில் திரும்பிவிடுவோம் என்று அப்பா ஆலை அடையாள அட்டையை மட்டும் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நடந்தார், அந்த ஒரு கிழமை முப்பது வருசமாய் நீண்டு முடிய அவர் உயிரோடு இருக்கவில்லை. இப்போது அந்த அட்டை இவனுடைய றங்குப்பெட்டியில் பிளாஸ்டிக் உறைக்குள் கிடக்கிறது, ஆலை திறந்தால் பழைய ஆட்களின் பிள்ளைகளுக்குத்தான் முதல் வேலை என்று ஒரு கதை, ஒவ்வொரு தேர்தலுக்கும் அந்தக் கதை எழும்பி நடக்கும், பிறகு படுத்துவிடும். இப்போதும் கத்தரிக்காய் வெட்டுகிற இரண்டு பேர் அதைத்தான் கதைக்கிறார்கள், வாற தை மாதம் அளக்க ஆள் வருகுதாம், வரட்டும், அளக்கட்டும், எதை அளப்பது, இரும்பென்று இருந்ததெல்லாம் எப்போதோ லொறியில் ஏறிப் போய்விட்டது, மிஞ்சியது சுவரும் கல்லுக்கிடங்கும்தான். ஆலைக்குச் சுண்ணக்கல் தோண்டித் தோண்டி ஊரின் வயிற்றில் விட்டுப்போன கிடங்கு, மாரியில் பனையளவு தண்ணீர் நிற்கும்.

ஊரே எடுத்தது. அதைத்தான் அவன் தனக்குத் தானே ஒரு நாளைக்கு நூறு தரம் சொல்லுகிறான், ஊரே எடுத்தது, பிடித்து வைத்திருந்த காணியை விட்டு ஆமிப் பட்டாளம் பின்வாங்கின கையோடு அவர்கள் அடித்திருந்த முள்ளுக்கம்பி, தூண், தகரம் எல்லாவற்றையும் சனம் எடுத்தது, எடுக்காமல் என்ன செய்வது, முப்பது வருசம் கழித்து வந்து பார்த்தால் எது என் வளவு எது உன் வளவு என்று கிணற்றை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது, வேலி இல்லாத வளவில் ஒரு மனுசன் எப்படிப் படுப்பான், சுவர்ணா முதல் நாளே கேட்டாள், வீடு பிறகு கட்டலாம், முதல் வேலியை அடையுங்கோ, நான் எப்பிடி இதிலை குளிக்கிறது என்று. பெண்சாதி கேட்டது நியாயம்தானே. ஆனால் இவன் மல்லாகத்து வாடகை வீட்டை விட்டு வரப் பிந்திப்போனான், முந்தினவன் கையில்தான் கம்பி, இவன் வரும்போது மிச்சமாய் இருந்தது கல்லுக்கிடங்கைச் சுற்றி நின்ற வேலி மட்டும்தான். நாலு தூண் இடைவெளிக் கம்பியை எடுத்தான், அவ்வளவுதான், அதுவும் ஆள் போகாத பின்பக்கம். அத்தோடு விட்டிருக்கலாம், விட்டிருந்தால்... விட்டானா, கார்த்திகை மழையில் படலைக் கட்டை உக்கிச் சரிந்தது, படலை நிலத்தில் விழுந்து கிடக்கிறது, ஊருக்குள் ஆட்டுக்கும் மாட்டுக்கும் திறந்த வீடு, ஒரு தூண், ஒரே ஒரு தூண், அந்த மூலைத் தூணைப் போய்ப் பிடுங்கிக்கொண்டு வந்தான்.

கிடங்கு மூலையில் பாதை ஒடுங்கி ஒரு ஆள் போகிற அளவாகும், பாசி பிடித்த கல் கிடங்குப் பக்கம் சரிந்திருக்கும், மேய்ச்சல் தரைக்குப் போகிற எல்லாரும் அந்தத் தூணில் ஒரு கையை வைத்துத்தான் திரும்புவார்கள், யாரும் பார்த்துப் பிடிப்பதில்லை, கை தன்பாட்டில் போகும், தூணின் தலை கை பட்டுப் பட்டு வழுவழுப்பாக இருந்தது. அந்த வழுவழுப்பை இவன் தோளில் சுமந்துகொண்டு வந்தானே, அப்போதாவது மூளை வேலை செய்ததா, செய்தது, ஒரு கிளுவங்கட்டையையாவது அந்த இடத்தில் ஊன்றிவிட வேண்டும் என்று நினைத்தான், நாளைக்கு என்று நினைத்தான், நாளைக்கு மழை, அடுத்த நாளும் மழை. தூணை நட்டபோது அதை நேராகப் பிடித்துக்கொண்டு நின்றது யார், முத்துக்குமாரு அண்ணை. மழைத்தூறலில் தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு வந்து, விடு தம்பி, தனிய நிண்டு மாயாதை என்று இரண்டு கையாலும் தூணை அணைத்துப் பிடித்தார், இவன் கல்லைப் போட்டு இறுக்கினான், இது எங்கேயிருந்து என்று அவர் கேட்கவில்லை, இந்த ஊரில் யாரும் அதை யாரிடமும் கேட்பதில்லை, எல்லா வீட்டுத் தூணும் ஒரே அச்சு. இப்பதான்ரா படலை படலை மாதிரி நிக்குது என்று சொல்லிவிட்டுப் போனார். மூன்று நாள் மழைக்கு மாட்டைக் கொட்டிலில் கட்டி வைத்திருந்தார், நாலாம் நாள் வெயில் எறித்தது, மாட்டை அவிழ்த்துக்கொண்டு போனார்.

பூசணித் துண்டுகள் ஒரே அளவாக வரவில்லை, சாம்பாருக்குப் பெரிது, கூட்டுக்குச் சிறிது, பரவாயில்லை, வேகும். மாடு மட்டும் வந்தது, கயிற்றை இழுத்துக்கொண்டு, பொழுது படுகிற நேரம், ஆறு மணி இருக்கும், அண்ணையின் பெண்சாதி மகாதேவி அக்கா வேலியில் நின்று கூப்பிட்டா, தம்பி, இவரைக் காணேல்லை, மாடு தனிய வந்திட்டுது. இவனுக்கு அந்த நொடியே தெரியும். தெரியாது என்று யாருக்கு வேண்டுமானாலும் சொல்லலாம், உன் மனசுக்குச் சொல்லாதே, உனக்குத் தெரியும், மாட்டைக் கண்டவுடனே உன் வலது கை அந்தத் தூணைத் தேடிக் காற்றில் போனது. ஓடினான், உண்மையாகவே ஓடினான், ஒழுங்கை முடிகிற நாவல் மரம் வரைக்கும் ஓடினான், அங்கிருந்து மூலைக்கு நூறு அடிகூட இல்லை, கால் நின்றுவிட்டது. போய்ப் பார்த்தால் அந்த வெறும் குழியையும் பார்க்க வேண்டும், தூண் பிடுங்கிய குழி. எவ்வளவு நேரம் நாவலின் கீழ் நின்றான், ஒரு தவளை கத்திக்கொண்டிருந்தது, வேறு ஒரு சத்தமும் இல்லை, இருந்ததா, அண்ணை கூப்பிட்டாரா, கூப்பிட்டிருந்தால் கேட்டிருக்கும்... கேட்டிருக்கும்தானே. திரும்பி வந்து சொன்னான், கிடங்குப் பக்கம் பாத்திட்டன் அக்கா, அங்கை இல்லை. வாயில் இருந்து அது எப்படி வந்தது என்று இன்றுவரை தெரியாது, வந்துவிட்டது. அதை நம்பி ஊர் முழுக்க மற்றப் பக்கம் தேடியது, துறைமுக வீதி, கள்ளுத் தவறணை, ஸ்ரேசன், எட்டு மணிக்குத்தான் யாரோ ஒருவன் மூலையில் ஒற்றைச் செருப்பைக் கண்டான்.

அன்றிலிருந்து ஒவ்வொரு பொழுதுபடவும் பிள்ளையார் கோயிலில் ஒரு கட்டி கற்பூரம் கொளுத்துகிறான், கும்பிட்டுக்கொண்டு நிற்பான், என்ன கேட்பது என்று தெரியாமலே நின்றுவிட்டு வருவான். தவறணை என்று யாரோ ஒரு பேச்சுக்குச் சொன்னதுதான், அது இப்போது வேர்விட்டுவிட்டது. ஆறு மணிக்கு அருள் போய்ப் பார்த்தவன், ஆள் இல்லை, எட்டு மணிக்குப் பிணம், அப்போ இரண்டு மணித்தியாலம் மனுசன் எங்கே போய் இருந்தது, வேறெங்கே போறது, மாட்டை விட்டுவிட்டு ஒரு போத்தல் அடித்துவிட்டுத் தள்ளாடி வந்திருக்கிறார் என்று ஊர் கணக்குப் பார்த்து முடித்துவிட்டது. ஆஸ்பத்திரிக் கடதாசியில் குடியைப் பற்றி ஒரு சொல் இல்லை, ஊர் என்ன கடதாசியை வாசித்துவிட்டா கதைக்கிறது, ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. சிவராத்திரிக்குக் கூட ஒரு பீடி பற்றவைக்காத மனுசன். சற்று முன்னாலும் மார்க்கண்டர் வாழைக்காய்த் தோலைச் சீவிக்கொண்டு மெல்லச் சொன்னார், நல்ல மனுசன், ஆனால் ஒளிச்சுக் குடிக்கிறவன்தான் உப்பிடிப் போறது என்று, அப்போதுதான் அண்ணையின் மகள் வினோஜா தேத்தண்ணித் தட்டோடு பின்னால் வந்து நின்றாள். அவள் ஒவ்வொருவருக்காகக் குனிந்து கொடுத்தாள், மார்க்கண்டருக்கும் கொடுத்தாள், இவனிடம் வந்தபோது மட்டும், சீனி காணுமோ மாமா என்று கேட்டாள். அந்தத் தேத்தண்ணி இன்னும் பக்கத்தில் ஆறிக்கொண்டு இருக்கிறது.

மகாதேவி அக்கா குசினிப் பக்கமிருந்து வந்து இவனுக்கு எதிரே குந்தினா, வெள்ளைச் சேலை, நெற்றி வெறுமை, பார்க்க முடியவில்லை, கத்தியைப் பார்த்தான். வெட்டிய துண்டுகளைச் சுளகில் அள்ளிப் போட்டுக்கொண்டே, மற்றவர்களுக்குக் கேட்காமல் கதைத்தா. அளவெட்டிப் பக்கத்துச் சம்பந்தம் ஒன்று வினோஜாவுக்கு முன்பே பேசி வைத்திருந்தது, வருசம் திரும்பி ஆட்டைத் திவசம் முடியக் கல்யாண எழுத்தை வைக்கலாம் என்று இருந்தார்கள், மாப்பிள்ளையின் தாய்மாமன் இன்றைக்கு அந்த வானிலேயே கீரிமலையால் வருகிறாராம், துக்கம் கேட்க மட்டும் வரவில்லையாம், தகப்பன் குடிகாரனாமே என்று அங்கே வரைக்கும் கதை போய்விட்டதாம். சொல்லி முடிய அக்கா நிமிர்ந்து இவனைக் கேட்டா.

"தம்பி, நீர்தானே முதல் போய்ப் பாத்தனீர். ஆறு மணிக்கு அங்கை இல்லையெண்டா, அந்த ரெண்டு மணித்தியாலம் இவர் எங்கை போனவர்?"

கேட்டுவிட்டா. முப்பத்தொரு நாளாக இவன் எந்தக் கேள்விக்குப் பயந்து வேலிக்கு முதுகைக் காட்டிக்கொண்டிருந்தானோ அதைக் கேட்டுவிட்டா, அதுவும் குற்றம் சாட்டாமல், வழி கேட்கிற மாதிரி. இப்போது சொல்லலாம். ஒரு வசனம், நான் போய்ப் பார்க்கவில்லை அக்கா. அவ்வளவுதான், கம்பியைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை, தூணைப் பற்றிக் கூடத் தேவையில்லை, கம்பியையும் தூணையும் ஊர் மன்னித்துவிடும், ஊர் வீட்டுப் படலையெல்லாம் அதில்தான் நிற்கிறது, ஆனால் நாவல் மரத்தின் கீழே நின்றதை... அதை யார் மன்னிப்பது, அக்கா மன்னிப்பாவா, ஆறு மணிக்கு உயிர் இருந்திருக்கும் என்று அக்கா அந்த இடத்திலேயே கணக்குப் போடமாட்டாவா, சுவர்ணா இனி அந்தப் படலையைத் திறந்து வெளியே போவாளா. அவனுடைய வாய் திறந்து தன்பாட்டில் ஒன்று சொன்னது.

"அண்ணை குடிக்கேல்லை அக்கா. அது எனக்குத் தெரியும்."

அக்காவின் முகம் அப்படியே தளர்ந்தது, முந்தானையால் கண்ணை ஒற்றினா, ஒற்றிக்கொண்டே தலையை ஆட்டினா, ஆட்டிக்கொண்டே இருந்தா. நன்றியாம், இவனுக்கு நன்றி. பாதி உண்மையை எடுத்துக் கொடுத்தான், தனக்குச் சேதம் இல்லாத பாதியை, அதற்கு அந்த மனுசி கை எடுத்துக் கும்பிடாத குறை, கும்பிட்டிருந்தால் செத்திருப்பான்.

"உம்மடை ஒரு சொல் காணும் தம்பி. அந்தத் தாய்மாமனிட்டையும் உதைச் சொல்லும். எப்பிடித் தெரியும் எண்டு கேப்பினம், கேட்டா, அண்டைக்குக் கிடங்கடிக்குப் போய்ப் பாத்த ஆள் நான்தான் எண்டு சொல்லும், நம்புவினம்."

சுளகைத் தூக்கிக்கொண்டு அக்கா எழும்பிப் போய்விட்டா, இவன் ஓம் என்று தலையாட்டினானா, ஆட்டியிருப்பான், ஆட்டாமல் அவ அப்படிப் போயிருக்கமாட்டா. எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். கேட்கத்தானே வேண்டும், தெரியும் என்று சொன்னால் எப்படித் தெரியும் என்று கேட்பதுதானே உலகம், கிடங்கடிக்குப் போய்ப் பார்த்தேன் என்று சொன்னால் திரும்பவும் அந்த இரண்டு மணித்தியாலம் வந்து குந்தும், தவறணை வந்து குந்தும், போகவில்லை என்று சொன்னால்... ஒழுங்கையில் வான் சத்தம் கேட்டது, வெட்டுகிறவர்கள் எழும்பிச் சாரத்தை உதறினார்கள், யாரோ கால் கழுவச் செம்பில் தண்ணீர் எடுத்துக்கொண்டு ஓடினார்கள். கிரியை முடித்தவர்கள் ஈர வேட்டியோடு ஒவ்வொருவராக இறங்கினார்கள், கடைசியாக வெள்ளைச் சேட்டுப் போட்ட, தலை நரைத்த ஒரு மனுசன் இறங்கி, எந்த வீடு என்று தெரியாமல் முதலில் இவனுடைய படலையடிக்குப் போய், அந்தத் தூணில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு செருப்பில் ஒட்டிய சேற்றைத் தட்டினார், பிறகு நிமிர்ந்தார், மார்க்கண்டர் இங்காலை வாங்கோ என்று அவரைக் கூட்டிக்கொண்டு நேரே இவன் பக்கம் வந்தார். அருட்செல்வன் கத்தியை வைக்க இடம் தேடினான், கை முழுக்கப் பூசணி நார், வந்துகொண்டிருக்கிற மனுசனைப் பார்த்தபடி மனசுக்குள் ஒன்று சொன்னான், அண்ணை, அன்றைக்கு ஒரு வாய், ஒரே ஒரு வாய் நீ குடித்திருக்கக் கூடாதா... சொன்ன பிறகுதான் திடுக்கிட்டான், இந்த முப்பத்தொரு நாளும் கற்பூரத்தைக் கொளுத்திவிட்டு வாய் திறக்காமல் நின்று பிள்ளையாரிடம் தான் கேட்டுக்கொண்டிருந்தது இதைத்தான் என்று.