பின்புறம் வலது மூலை, சிறு சேதம்

…தேதியையுமா போட்டிருப்பார்கள், போட மாட்டார்கள், சின்ன அடி என்று ஒரு வரி எழுதிவிட்டு விட்டிருப்பார்கள், இது என்ன கொலைக்கேஸா நாள் நேரமெல்லாம் குறித்துவைக்க, என்று அவர் தனக்குத் தானே தைரியம் சொல்லிக்கொண்டிருக்கும்போதே எதிரே உட்கார்ந்திருந்த பெண் முதல் பக்கத்தைப் புரட்டி மேசைமேல் கவிழ்த்தாள். மொத்தம் மூன்று பக்கம். வண்டி வாங்க வந்தவள், வீடு வீடாகப் போய் நோயாளிகளின் கைகால்களை மடக்கி நீட்டும் பிசியோதெரபிஸ்ட், வரும்போதே வண்டி நம்பரைப் போட்டு அதன் ஜாதகத்தை அச்செடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். கெட்டிக்காரி. “இன்சூரன்ஸ்ல க்ளெய்ம் போட்டதெல்லாம் இதுல வந்துரும் அங்கிள். கைக்காசு குடுத்துத் தட்டிப் பெயின்ட் அடிச்சிருந்தா வராது” என்றாள். வராதுதான், இடது கதவில் அவர் இழுத்த கோடு வரவே வராது, முக்குக் கடைக்காரன் அரை மணி நேரத்தில் பூசி மறைத்த கோடு, ஆண்டவனே வந்தாலும் கண்டுபிடிக்க முடியாது. அந்த மூலையையும் அவனிடமே கொடுத்துத் தொலைத்திருக்கலாம், இன்சூரன்ஸில் பம்பர் புதிதாகக் கிடைக்குமே என்று அலைந்தது யார்… யாரைச் சொல்லி நோவது. பக்கத்தில் மனைவி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அடுத்த பக்கத்துக்காகக் காத்திருந்தாள். நூலகத்தில் வேலை, தாளைக் கண்டால் படித்தே ஆக வேண்டும் அவளுக்கு.

ஆறு வருடம் ஆகிறது. ஒரு வியாழக்கிழமை, அலுவலகத்து வண்டி நிறுத்தத்தில் பின்னால் எடுத்தபோது டமார் என்று தூணில் முட்டினார். நில அளவை அலுவலகத்தில் ஊரார் நிலத்தையெல்லாம் அங்குலம் பிசகாமல் அளந்த மனிதர், வண்டிக்கும் தூணுக்கும் நடுவே எத்தனை அடி என்று அளக்கத் தெரியவில்லை. அதற்கு நாலு நாள் முன்னால்தான் மைத்துனர் வீட்டில் வாய்ச்சவடால் அடித்திருந்தார், இருபது வருஷமா ஓட்டறேன், ஒரு கீறல் உண்டா, உங்கக்கா கையில குடுத்தா ஒரே மாசத்துல வண்டிக்கு அடையாளம் தெரியாது… எல்லாரும் சிரித்தார்கள், லைசென்ஸ் வாங்கி நாலு மாதம்கூட ஆகாத அவளும் சேர்ந்துதான் சிரித்தாள். அப்படிச் சொன்ன வாயால் போய் நான் இடித்துவிட்டேன் என்று எப்படிச் சொல்வது? நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று வீட்டுக்கு வந்து அடிபட்ட பக்கத்தைச் சுவரோரமாக நிறுத்திவிட்டுச் சாப்பிடப் போனார். மறுநாள் வெள்ளிக்கிழமை, அவர் குளித்துவிட்டு வருவதற்குள் அவள் நூலகத்துக்கு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். சாயங்காலம் திரும்பி வந்து இறங்கிப் பின்னால் போனவள் அப்படியே நின்றாள். முகத்தில் ஈயாடவில்லை. “என்னங்க, நான் எங்கயோ இடிச்சுட்டேன் போலிருக்கே” என்றாள். அவள்தான் சொன்னாள், அவர் சொல்லவில்லை, அதை இன்றைக்கும் சத்தியம் பண்ணிச் சொல்வார். அவர் சொன்னதெல்லாம் மூன்றே வார்த்தை. பார்த்து ஓட்டக் கூடாதா.

அதற்கப்புறம் அவர் பொய் சொல்ல வேண்டிய அவசியமே வரவில்லை, எல்லாவற்றையும் அவளே தேடிக் கொண்டுவந்து கொடுத்தாள். நூலகத்துச் சைக்கிள் நிறுத்தத்தருகே கடக்கென்று ஒரு சத்தம் கேட்டதாம், கேட்டைச் சாத்துகிறார்கள் என்று நினைத்தாளாம். நூலகக் காவலாளியிடம் போய் மன்னிப்புக் கேட்டாள். ஒன்றும் ஆகவில்லையே அம்மா என்று அந்தக் காவலாளி சொன்னதற்கு, பாவம் நல்ல மனுஷன், என்னைக் காட்டிக் குடுக்க மாட்டேங்கறார் என்று வந்து உருகினாள். அட பாவி, அந்த இடத்திலாவது வாயைத் திறந்திருக்கலாமே? திறக்கவில்லை. வெட்கம் ஒரு பக்கம், போகப் போக இப்போது சொன்னால் இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்பாளே என்ற பயம் ஒரு பக்கம். அவள் சாவியை ஆணியில் மாட்டியவள் மாட்டியவள்தான். இரண்டு பஸ் மாறி வேலைக்குப் போனாள், மழையிலும் போனாள். சற்று முன்னால்கூட இந்தப் பெண், அவள் காபி கொண்டுவரும் நடையைப் பார்த்துவிட்டு, “முழங்கால் எத்தனை நாளா இப்படி ஆன்ட்டி?” என்று கேட்டாள். “அது ஆச்சு அஞ்சாறு வருஷம்” என்று மனைவி சிரித்தாள், அவர் காபியைப் பாதியில் கீழே வைத்தார்.

இப்போது விற்பதும் அதனால்தானே. அவருக்குப் பக்கவாட்டுப் பார்வை சுருங்கிவிட்டது, இனி ஓட்டக் கூடாது என்று கண் டாக்டர் சொன்ன அன்று, நீ ஓட்டேன் என்று மெல்லக் கேட்டுப் பார்த்தார். “வேணாங்க. அன்னிக்கு ஏதோ மூலையோட போச்சு. பின்னாடி ஒரு குழந்தை நின்னிருந்தா?” என்றாள். எந்தக் குழந்தை? இல்லாத குழந்தை, இடிக்காத வண்டி, ஆறு வருடமாக அதைச் சுமந்துகொண்டு திரிகிறாள், அவர் பத்திரமாக உட்கார்ந்து பேப்பர் படிக்கிறார்.

“இந்தா இருக்கு” என்றாள் அந்தப் பெண். “பின்புறம் வலது மூலை, சிறு சேதம். பம்பர் மாற்றம், பெயின்ட். அடிச்சட்டத்துல பாதிப்பு இல்ல. பயப்பட ஒண்ணுமில்ல.” “அது நான் இடிச்சதும்மா, இவர் கைபட்டு ஒரு கீறல் கிடையாது” என்று மனைவி முந்திக்கொண்டு சொன்னாள், சொல்லிக்கொண்டே குனிந்து விரலை வைத்துப் படித்தாள். “விபத்து நாள் பதினொண்ணு… தப்பா போட்டிருக்காங்களே. பன்னெண்டு, வெள்ளிக்கிழமை. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு.” போட்டேவிட்டார்கள், பாவிகள். இன்சூரன்ஸ் கம்பெனிக்கு அவர்தானே எழுதிக்கொடுத்தார், அலுவலகக் காவலாளியின் கையெழுத்தோடு, உள்ளது உள்ளபடி. பெண்டாட்டியிடம் பொய் சொன்னால் சண்டை, கம்பெனியிடம் பொய் சொன்னால் கேஸ், அப்படித்தானே ஓடியது புத்தி. அவளோ தாளைச் சந்தேகப்படுகிறாள், தன்னைச் சந்தேகப்படவில்லை, அவரைச் சந்தேகப்பட அவளுக்குத் தோன்றவே இல்லை.

“தேதி தப்புன்னா மத்ததும் தப்பா இருக்கலாமே ஆன்ட்டி” என்று அந்தப் பெண் நெற்றியைச் சுருக்கினாள். “நீங்க சொல்லுங்க அங்கிள். பதினொண்ணா, பன்னெண்டா?” பன்னிரண்டு என்றால் தீர்ந்தது, கம்பெனிக்காரன் தப்பு, அவன் என்ன கேட்கவா வரப்போகிறான்… “பதினொண்ணு” என்றார்.

மனைவி சிரித்துவிட்டாள். “இவருக்குச் சாப்பிட்டது கையைக் கழுவினா மறந்துரும். பதினொண்ணு வியாழக்கிழமைங்க. அன்னிக்கு வண்டி என்கிட்டயே இல்லையே, நீங்கதானே ஆபீசுக்கு…” என்றவள் நிறுத்தினாள். விரல் தேதியின்மேலேயே இருந்தது. அந்தப் பெண் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவர் மனைவியின் முகத்தைப் பார்க்கவில்லை, விரலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், உண்மையைச் சொல்லிவிட்டோம், ஒரு வழியாகச் சொல்லிவிட்டோம் என்று நெஞ்சு லேசாகும் என்று எதிர்பார்த்தார், ஆகவில்லை… சொன்னது ஒரு தேதிதானே, மிச்சத்தை அவளையே சொல்ல விட்டுவிட்டோமே, அன்றைக்கு மாதிரியே, இன்றைக்கும்.