வினய் தேர்ந்தெடுத்த சக்கரங்கள்

மெல்லிய சாக்ஸ் ஒன்று மட்டும் போட்டுப் பார் என்று ஸ்கேட்டிங் பழக்கும் சிபி சொல்லியிருந்தான். கனத்த சாக்ஸ் போட்டால் பெரிய ஷூகூட அளவானது போலத் தோன்றும். வாங்கி ஒரு மாதம் கழித்துத்தான் குதிகால் உள்ளே ஆடுவது தெரியும், அப்போது ஒன்றும் செய்ய முடியாது. அனுஷா அந்த சாக்ஸைக் கைப்பையில் சுருட்டி வைத்துக்கொண்டு, தான் பில் போடும் டைல்ஸ் கடையில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு, கிழக்கேகோட்டையில் பஸ்ஸை விட்டு இறங்கினாள். மழை அப்போதுதான் விட்டிருந்தது. கோயிலைச் சுற்றிய தெருவில், சுவரோடு சுவர் ஒட்டி நின்ற அக்கிரகார வீடுகளில் கதவு எண் பார்த்துக்கொண்டே நடந்து, சொன்ன வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றியபோது அவளுக்கு வழக்கமான கூச்சம் வந்தது. அங்கே கிடந்த எல்லாச் செருப்பையும்விட அவளுடையதுதான் நீளம்.

ஆறாம் வகுப்பிலிருந்தே அப்படித்தான். சாலைக் கடைத்தெருவில் எந்தக் கடைக்குப் போனாலும் பெண்கள் பக்கத்தில் அவளுக்குச் செருப்பு கிடையாது. கடைக்காரன் ஒரு சிரிப்போடு ஆண்கள் அலமாரியைக் காட்டுவான். பெண் பார்க்க வந்த இரண்டு முறையும் அம்மா பொன்செல்வி காதோடு சொன்னது ஒன்றைத்தான்: "கால சேலக்குள்ள இழுத்து வை." இந்த ஸ்கேட் ஷூவில் மட்டும் ஆண், பெண் என்று பிரிவு இல்லை. காலின் நீளம் எத்தனை மில்லிமீட்டர் என்று மட்டும் கேட்கும். சிபி முதன்முறை அளந்து சொன்னபோது தன் காலுக்கு ஒரு நல்ல எண் இருப்பதாக அவளுக்குத் தோன்றியது.

ஆறு மாதமாக அவள் சிபியின் பழைய ஷூவில் துணி திணித்துப் பழகிக்கொண்டிருந்தாள். விழிஞ்ஞம் போகும் வழியில் பாதியில் நின்றுபோன ஒரு கல்யாண மண்டபம்தான் அவர்கள் இடம். இது சும்மா ஓடுவதற்கான ஷூ இல்லை. குதித்து ஏறி, படிக்கட்டின் கைப்பிடிக் குழாயிலும் சிமெண்டு விளிம்பிலும் வழுக்கிக்கொண்டு போவதற்கானது. புதிதாக வாங்குவதென்றால் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும், போட்டுப் பார்க்க வழியில்லை. அப்போதுதான் பழைய சாமான் விற்கும் செயலியில் இந்த ஷூவின் படம் வந்தது. அவள் அளவுதான். சிபி படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு போனைத் திருப்பிக் கொடுத்தான்.

"வினய்யோட ஷூ," என்றான். "நல்ல ஷூ. நீ போய் வாங்கு. ஞான் வரில்ல. அந்த வீட்டுப் படி கேற என்னால முடியாது."

ஏன் என்று அவள் கேட்டதற்கு, இரண்டு நாள் கழித்து, மண்டபத்துப் படியில் உட்கார்ந்து சொன்னான். இரண்டு வருடம் முன்பு ஒரு வணிக வளாகத்தின் கைப்பிடியில் வினய் ஏறி, தவறி விழுந்து தலையில் அடிபட்ட அன்று வீடியோ எடுத்தவன் சிபி. முகம் சரியாகத் தெரியட்டும், ஹெல்மெட்டைக் கழட்டு என்று சொன்னவனும் அவன்தான். இதுவரை யாரிடமும் சொன்னதில்லை என்றான். அதன்பிறகு அவளுக்கு ஷூவின் மேல் ஆசை குறைந்திருக்க வேண்டும். குறையவில்லை.

கதவைத் திறந்தது வினயின் அம்மா சாவித்ரி. ஒல்லியான, நரைத்த, அவசரமான அம்மாள்.

"போன் பண்ணினது நீதானே? உள்ளே வா. யாருக்கு, தம்பிக்கா?"

"எனக்குத்தான் மாமி."

சாவித்ரி அவளை ஒருமுறை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். பார்வை காலில் வந்து நின்றது. சிரிக்கவில்லை.

"அஞ்சு மணிக்குள்ள பாத்து எடுத்துண்டு போயிடணும் நீ. அப்பாவும் பிள்ளையும் பிசியோதெரபிக்குப் போயிருக்கா. அவன் கண்ணுல இது படப்படாது."

பழைய வேஷ்டியில் சுற்றிய மூட்டையையும் ஒரு பிஸ்கட் டின்னையும் கூடத்தில் கொண்டு வந்து வைத்தாள். வேஷ்டிக்குள் கறுப்பு ஷூ இரண்டும் சக்கரம் இல்லாமல் இருந்தன. சக்கரங்கள் எல்லாம் டின்னில். போன மாதம் வினய் எப்படியோ கண்டுபிடித்து, கையில் தூக்கிக்கொண்டு போய் மாடிப்படியின் உச்சியில் நின்றானாம். அன்றைக்கே அப்பா சாம்பசிவன் சக்கரங்களைக் கழற்றிவிட்டார்.

சிபி சொல்லிக் கொடுத்த வரிசையில் அனுஷா பார்த்தாள். வண்ணத்தைப் பார்க்காதே, முதலில் வெளி ஓட்டைப் பார். கணுக்காலுக்குப் பக்கத்தில் கீறல் ஓடியிருக்கிறதா என்று வளைத்துப் பார்த்தாள், இல்லை. உள்ளே இருந்த மெத்தையை உருவி முகர்ந்தாள். பிறகு கவிழ்த்து அடித்தட்டைப் பார்த்தாள். இடது ஷூவின் வெளி விளிம்பு நன்றாகத் தேய்ந்து, வழவழத்துக் கிடந்தது. இரண்டு சக்கரங்களுக்கு நடுவே குழாய் உட்காரும் பள்ளமும் அப்படியே. இடது பக்கமாகத்தான் அதிகம் ஏறியிருக்கிறான். அவளுக்கும் அதே பக்கம்தான் வரும்.

"அவ்வளவு தேஞ்சிருக்கே, வேண்டாமா?" என்றாள் சாவித்ரி.

"இல்ல மாமி. இது தேயதுக்கு உள்ள எடம்தான். கம்பியில வழுக்கிப் போறது இதுலயாக்கும்."

"தேயறதுக்குன்னே ஒரு எடமா?" சாவித்ரி குனிந்து விரலால் அந்த விளிம்பைத் தடவினாள். "அஞ்சு வருஷம் இந்த ஷூவோட ஆத்துல வந்துண்டும் போயிண்டும் இருந்தான். ஒருநாள்கூட இதைத் திருப்பிப் பாத்ததில்லை நான். சத்தம் போடாதேன்னு மட்டும் சொல்வேன்." நிமிர்ந்து, "உன் அம்மாக்குத் தெரியுமோ?" என்றாள்.

"தெரியாது."

"ம். உனக்கு யார் சொல்லித் தரா?"

"ஒரு பிரண்டு," என்றாள் அனுஷா. தலை நிமிராமல் சாக்ஸைப் போட்டுக்கொண்டாள்.

வலது கால் உள்ளே போனது. பாதி வரை இறுக்கமாக, பிறகு ஏதோ வழிவிட்டது போல இறங்கி உட்கார்ந்தது. நேராக நின்றபோது கட்டைவிரல் முனையைத் தொட்டும் தொடாமலும் இருந்தது. உள்மெத்தையில் கணுக்கால் எலும்புக்கு ஒரு குழி விழுந்திருந்தது. இன்னொருவரின் எலும்பு வருடக்கணக்கில் அழுத்தி உண்டாக்கிய குழி. அவள் எலும்பு அதில் அப்படியே போய் அமர்ந்தது. வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு ஷூ அவளுக்கென்றே செய்தது போலப் பொருந்தியது. எழும்பி வந்த சந்தோஷத்தை, அந்த அம்மாளின் முன்னால், அவள் உதட்டைக் கடித்து அடக்கிக்கொண்டாள்.

அப்போது வாசல் கதவு திறந்தது.

"தெரபி பாக்கற பொண்ணு இன்னிக்கு லீவாம் சாவித்ரி, அதான் திரும்பிட்டோம்," என்று சொல்லிக்கொண்டே வந்த சாம்பசிவன் கூடத்தைப் பார்த்து நின்றுவிட்டார். அவர் தோளைப் பிடித்துக்கொண்டு வினய் நின்றான். இருபத்தாறு வயது இருக்கும். தலையின் ஒரு பக்கத்தில் நீளமான தழும்பு, அதில் முடி இல்லை. வலது கை மடங்கி மார்போடு ஒட்டியிருந்தது. அவன் யாரையும் பார்க்கவில்லை. அனுஷாவின் காலைப் பார்த்தான்.

சாவித்ரி குறுக்கே போவதற்குள் அவன் காலை இழுத்து இழுத்து வந்து, சுவரைப் பிடித்துத் தரையில் சரிந்து உட்கார்ந்தான். அனுஷா போட்டிருந்த பக்கிளை இடது கையால் தட்டி அவிழ்த்தான். அவள் கெண்டைக்காலைப் பிடித்து, குதிகாலைத் தரையில் இரண்டு தடவை ஓங்கித் தட்டினான். கயிற்றை அடியிலிருந்து ஒவ்வொரு கண்ணாக இழுத்து இறுக்கிக்கொண்டு வந்தான். ஒரு கையால் இழுத்ததை, மடங்கிய கையின் முழங்கையால் அழுத்திப் பிடித்தான். வெகுநேரம் ஆயிற்று. நெற்றி வேர்த்தது. கடைசியில் பக்கிளை மாட்டி, ஷூ முனையைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்தான்.

"முட்டு மடக்கு," என்றான்.

அனுஷா முழங்காலை மடக்கினாள். குதிகால் பின்னால் போய் ஒட்ட, விரல்களுக்கு இடம் கிடைத்தது. சிபியின் ஷூவில் ஆறு மாதம் கிடைக்காத பிடிப்பு.

சாவித்ரி வாயைப் பொத்திக்கொண்டாள். அவன் வீட்டில் பேசுவது பசி, தண்ணி, போதும் என்ற நாலைந்து சொற்கள்தான் என்று பிறகு சாம்பசிவன் சொன்னார். இந்தச் சொற்கள் அவனுக்குள் வேறொரு அறையில் பத்திரமாக இருந்திருக்கின்றன; கூட்டாளிகளோடு பேசிய மலையாளத்தில்.

வினய் நிமிர்ந்து வாசலைப் பார்த்தான். "சிபி எவிடெ?"

"சிபியா?" சாவித்ரி சட்டென்று அனுஷா பக்கம் திரும்பினாள். "உனக்கு அவனைத் தெரியுமா? அத்தனை மாசம் ஆஸ்பத்திரியில கெடந்தான் இவன். ஒரு தடவை எட்டிப் பாக்கலை அந்தப் பையன். எங்க இருக்கான்னாவது தெரியுமா?"

"தெரியாது மாமி," என்றாள் அனுஷா. தன் குரல் தனக்கே கேட்டது.

வினய் இதற்குள் இடது ஷூவை எடுத்துத் தன் காலில் திணிக்கத் தொடங்கியிருந்தான். படுத்தே கிடந்து வீங்கிப்போன பாதம்; பாதிக்கு மேல் போகவில்லை. அவன் இன்னும் அழுத்தினான். தரையில் உதைத்தான். "விடுடா வினய், வலிக்கும்டா," என்று கையைப் பிடித்த அப்பாவை முழங்கையால் இடித்தான். கண்ணாடி எகிறிப் போய் விழுந்தது. தொண்டையிலிருந்து சொல்லாக ஆகாத ஒரு சத்தம் வந்துகொண்டே இருந்தது. சாவித்ரி ஷூவின் மறுமுனையைப் பிடித்து இழுத்தாள். ஒரு ஷூவுக்கு மூன்று பேர். இன்னொரு ஷூ தன் காலில் இறுக்கிக் கட்டியிருக்க, அனுஷா ஒதுங்கக்கூட முடியாமல் நின்றாள். அவளுக்கு வேறு ஒன்றும் தோன்றவில்லை. பிஸ்கட் டின்னை எடுத்து அவன் முன்னால் கவிழ்த்தாள்.

"வினய் அண்ணா, நடுவுல எந்த வீல் போடணும்?"

சத்தம் நின்றது. பெரியதும் சிறியதுமாக எட்டுச் சக்கரங்கள் தரையில் உருண்டு போயின. அவன் ஒவ்வொன்றாகக் கையால் மடக்கிப் பிடித்துச் சேர்த்தான். பெரிய சக்கரம் முன்னும் பின்னும். கெட்டியான சிறியவை நடுவில், குழாய்க்கு இடம் விட்டு. அவளுக்கு அது தெரியும். இருந்தும் தெரியாதவள் போல அவன் எதிரில் உட்கார்ந்து டின்னில் கிடந்த திருகுச் சாவியான ஆலன் கீயை நீட்டினாள். அவன் ஒரு சக்கரத்தை எடுத்து, காதருகே வைத்துச் சுற்றிக் கேட்டு, வேண்டாம் என்று ஒதுக்கினான். இன்னொன்றை எடுத்தான். அதே சக்கரத்தை மறுபடி எடுத்தான். இரண்டாவதை மாட்டும்போது முதலாவது எதற்கென்று மறந்து, கழற்றிவிட்டு ஆரம்பத்திலிருந்து தொடங்கினான். அவள் அவசரப்படுத்தவில்லை. சாம்பசிவன் கண்ணாடியைத் துடைத்தபடி நாற்காலியில் உட்கார்ந்து மகனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சாவித்ரி உள்ளேயிருந்து தண்ணீரும் மாத்திரையும் கொண்டு வந்தாள். சாம்பசிவன் கடிகாரத்தைப் பார்த்தார்.

"ஆறு மணிக்குன்னா அது?"

"இப்பவே குடுத்துடறேன்," என்றாள் சாவித்ரி யாரையும் பார்க்காமல். "கொஞ்சத்துல தூங்கிடுவான்." பிறகு அனுஷாவிடம், மிகத் தாழ்ந்த குரலில், "அதுவரைக்கும் அவன்கிட்ட பேசிண்டிரு கொழந்தே," என்றாள்.

அப்போதுதான் அனுஷாவுக்குத் தான் என்ன செய்துகொண்டிருக்கிறோம் என்பது உறைத்தது. அவன் கலங்காமல் இருக்கட்டும் என்று கேட்ட கேள்வி இப்போது அவனைத் தூங்கவைக்கும் கேள்வியாகிவிட்டது. எழுந்து போய்விடலாம். ஷூ வேண்டாம் மாமி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்த வார்த்தையை அவள் நாக்கு வரைக்கும் கொண்டுவந்தாள். வலது காலில் அந்தக் குழியும் அவள் எலும்பும் ஒன்றாகச் சூடேறி இருந்தன.

"இது கெட்டியா இருக்கு, இது எப்படி அண்ணா?" என்று கேட்டாள்.

இடது ஷூவில் மூன்று சக்கரம் மாட்டியபோது அவன் தலை தொங்கத் தொடங்கியது. நான்காவதைக் கையில் வைத்துக்கொண்டு, எந்தப் பக்கம் திருப்புவது என்று யோசிப்பவன் போலவே பக்கவாட்டில் சாய்ந்தான். சாம்பசிவன் தலையணை கொண்டு வந்து கொடுத்தார். சாவித்ரி அதைத் தலைக்கடியில் வைத்துவிட்டு, "ம், சீக்கிரம்," என்றாள்.

அனுஷா தன் காலிலிருந்து கழற்றினாள். அவன் அவ்வளவு பாடுபட்டுக் கட்டிய கட்டு. சத்தம் வராமல் ஒவ்வொரு கண்ணாக அவிழ்த்தாள். மீதிச் சக்கரங்களை சாக்ஸுக்குள் போட்டு, எல்லாவற்றையும் பையில் வைத்தாள். கொண்டுவந்திருந்த பணக் கவரை சாம்பசிவன் பிரிக்காமல் பேப்பருக்கடியில் வைத்தார். சாவித்ரி மகனின் மூடிய கையைப் பிரிக்கக் குனிந்தாள்.

"அது இருக்கட்டும் மாமி."

"ஒண்ணு கொறையறதே உனக்கு?"

"வேற கிடைக்கும்."

சாவித்ரி கையை விட்டுவிட்டு, அவன் சட்டையை இழுத்து விட்டாள். வாசல் வரைக்கும் வரவில்லை. அனுஷா செருப்பை மாட்டியபோது உள்ளேயிருந்து, "ஹெல்மெட் போட்டுக்கோ, கேட்டியா? அவன் போடாம ஏறினதே இல்லை. அன்னிக்கு ஒருநாள் ஏன் போடலைன்னுதான் இன்னிவரைக்கும் தெரியலை," என்று குரல் வந்தது. அனுஷா சரி என்று சொன்னாள். அது உள்ளே கேட்டிருக்காது.

விழிஞ்ஞம் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. பையைக் கீழே வைக்கச் சொன்னார் கண்டக்டர். அவள் மடியிலேயே வைத்துக்கொண்டாள். மறுபடி மழை பிடித்தது. எல்லோரும் ஷட்டரை இறக்க, பஸ்ஸுக்குள் இருட்டிப்போனது. கைப்பையில் போன் அதிர்ந்து அடங்கியது, மறுபடி அதிர்ந்தது. சிபியாகத்தான் இருக்கும். ஒரு நிறுத்தத்தில் பஸ் குலுங்கி நின்று, டிரைவர் என்ஜினையும் அணைத்துவிட்டார். எல்லாச் சத்தமும் ஓய்ந்த பிறகும், பைக்குள்ளே, அவன் மாட்டிய சக்கரம் ஒன்று மெதுவாகச் சுற்றிக்கொண்டிருப்பது அவள் தொடையில் தெரிந்தது. நிறுத்துவதற்காகக் கையை அதன் மேல் வைத்தாள். அழுத்தவில்லை.